பட்டத்தை விடு, மணியைக் கட்டு

அன்புள்ள தம்பிக்கு,

அறிவியல் கண்காட்சிக்கு, இடிமேகத்தில் பட்டம் விட்ட அமெரிக்க அறிஞர் பெஞ்சமின் பிராங்க்ளினை எடுத்திருக்கிறாய். அட்டையில் பட்டம், நூலில் சாவி, மேலே பளீரென்று மின்னல். அதில் மின்னலை மட்டும் அழித்துவிடு. மின்னல் அந்தப் பட்டத்தில் விழவில்லை. விழுந்திருந்தால் மனிதர் பிழைத்திருக்க மாட்டார்.

1752இல் பிலடெல்பியாவில் அவர் எழுதிவைத்த செய்முறை இது: பட்டுக் கைக்குட்டையில் பட்டம், உச்சியில் ஓரடி நீளக் கூர்கம்பி, கீழே நூல், கைப்பிடிக்குப் பட்டு நாடா, இரண்டும் சேரும் முடிச்சில் சாவி. கதவுக்கு உள்ளே நின்று பிடிக்க வேண்டும், நாடா நனையக் கூடாது. நனைந்த நூல் மின்சாரத்தைக் கடத்தும், காய்ந்த பட்டு கடத்தாது. சாவிக்கு இறங்கியது இடிமேகத்தின் மின்னூட்டம்தான். மறு ஆண்டே ரஷ்யாவின் செயின்ட் பீட்டர்ஸ்பர்க்கில் ரிக்மன் என்ற இயற்பியலாளர், தரையோடு இணைக்காத கம்பியில் இறங்கும் மின்சாரத்தை அளக்கப்போய் மின்னல் தாக்கி இறந்தார்.

பிராங்க்ளின் உண்மையில் கொடுத்துவிட்டுப் போனது இடிதாங்கி. தானே அச்சிட்டு விற்ற பஞ்சாங்கத்தில் 1753இல் அளவோடு போட்டிருக்கிறார்: மெல்லிய இரும்புக் கம்பி; ஒரு முனை ஈரமண்ணில் 3, 4 அடி ஆழம்; மறுமுனை கட்டடத்தின் உச்சிக்கு மேல் 6, 8 அடி; அதன் நுனியில் ஓரடிப் பித்தளைக் கம்பி, பின்னல் ஊசி பருமனில், கூராக்கியது. நீளமான வீடென்றால் இரு கோடியிலும் ஒவ்வொன்று, இரண்டையும் இணைத்து முகட்டோடு ஒரு கம்பி. காப்புரிமை எதுவும் வாங்கவில்லை.

கூர்முனை மேகத்தின் மின்சாரத்தை ஓசையில்லாமல் வடித்துவிடும் என்று நம்பினார். அது தப்புக் கணக்கு. விழும் மின்னலை வாங்கி மண்ணுக்கு இறக்குவதுதான் கம்பியின் வேலை. அமெரிக்காவின் நியூ மெக்சிகோவில் கூர்முனை, மழுங்கல் முனை இரண்டு வகையையும் அருகருகே நட்டுப் பார்த்ததில் மழுங்கல் முனைகளில்தான் விழுந்தது. கம்பியை ஈரமண்ணில் இறக்க வேண்டும் என்ற கருத்து இன்றும் செல்லும்.

நீ செய்ய வேண்டியது அவர் வீட்டு மணி. புகைபோக்கியின் மேலிருந்து மண்ணுக்கு இறங்கிய கம்பியை மாடிப்படியில், படுக்கையறைக் கதவுக்கு எதிரே வெட்டி, 6 அங்குல இடைவெளி விட்டு, இரு முனையிலும் மணி கட்டினார். நடுவே பட்டு நூலில் ஒரு பித்தளைக் குண்டு. இடிமேகம் வந்தால் மணி அடிக்கும். அவர் லண்டன் போன பிறகும் அடித்துக்கொண்டே இருந்தது; பயந்துபோன மனைவி டெபோராவுக்கு, மின்சாரம் ஓசையில்லாமல் கடந்துபோக, இரண்டு மணிகளையும் ஒரு கம்பியால் சேர்த்துக் கட்டிவிடச் சொல்லி எழுதினார்!

உனக்கு மேகம் வேண்டாம். இரண்டு காலி கூல்டிரிங்க் டின்களைத் தெர்மகோல் மேல் 2, 3 செ.மீ. இடைவெளியில் வை. டின் திறக்கும் வளையத்தை நைலான் நூலில் நடுவே தொங்கவிடு. பருத்தி நூல் ஈரம் இழுத்து மின்னூட்டத்தைக் கசியவிடும். ஒரு டின்னிலிருந்து கம்பி எடுத்து இரும்புத் தண்ணீர்க் குழாயில் சுற்று. பிவிசி குழாயைக் கம்பளியில் தேய்த்து மற்ற டின்னின் மேல் இழு. வளையம் தாவி ஒட்டும், மின்னூட்டம் வாங்கியதும் விலகி எதிர் டின்னில் மோதும், அங்கே இறக்கிவிட்டுத் திரும்பும். மழைநாளில் அசையாது, குழாயை வெயிலில் காயவைத்துவிட்டு வா. ஒருமுறை ஒட்டிக்கொண்டு நின்றுவிட்டால், தரைக்குப் போகும் கம்பியை முதலில் பார்.

அன்புடன்,
அண்ணன்