ஒசாகா புறப்படும் மகளுக்கு

அன்பு மகள் கயல்விழிக்கு,

அப்பா எழுதுவது. பயிற்சிக்காக மூன்று வாரம் ஜப்பானின் ஒசாகாவில் இருக்கப் போகிறாய் என்று தெரிந்ததிலிருந்து உன் அம்மா பருப்புப் பொடியும் புளிக்காய்ச்சலும் செய்வதில் இறங்கிவிட்டாள். முப்பது ஆண்டு வங்கிக் கவுன்டரில் உட்கார்ந்து பழகிய எனக்கோ, அங்கே நீ பணத்துக்கு என்ன செய்வாய் என்பதிலேயே நினைவு சுற்றுகிறது. போனில் சொல்லி முடிகிற விஷயமில்லை என்பதால் எழுதுகிறேன்.

2020 மார்ச் மாதத்திலிருந்து, ரிசர்வ் வங்கியின் உத்தரவுப்படி, புதிதாகத் தரப்படும் கார்டுகளில் வெளிநாட்டுப் பயன்பாடு மூடியே இருக்கும். நாமாகத் திறந்தால்தான் உண்டு. கிளம்புவதற்கு முன்பே வங்கியின் செயலியில் அதைத் திறந்து, ஒரு நாளைக்கு இவ்வளவு என்ற வரம்பையும் வைத்துக்கொள். ஊர் திரும்பிய அன்றே மூடிவிடு, ஏனென்றால் வெளிநாட்டு இணையக் கடைகள் பல ஓ.டி.பி. கேட்பதில்லை, கார்டின் விவரங்கள் யார் கையிலாவது கிடைத்தாலே போதும்.

உன் அக்காவின் பிரசவத்துக்காக 2016-இல் நாங்கள் சிங்கப்பூர் போயிருந்தபோது, குழந்தைக்குத் தள்ளுவண்டி வாங்கிய கடையில் கார்டு இயந்திரத்தின் சின்னத் திரையில் இரண்டு தொகைகள் தெரிந்தன, ஒன்று டாலரில், மற்றொன்று ரூபாயில். அந்நிய ஊரில் ரூபாயைக் கண்டது தெரிந்த முகத்தைக் கண்டதுபோல் இருந்ததால், யோசிக்காமல் அதையே அழுத்தினேன். இரவு அன்றைய மாற்று விலையை வைத்துக் கணக்குப் போட்டபோதுதான், ஏறத்தாழ ஆயிரம் ரூபாய் கூடுதலாகப் போயிருந்தது தெரிந்தது. கடைக்காரர் எதையும் மறைக்கவில்லை. ரூபாயைத் தேர்ந்தால் மாற்று விலையைக் கடைப் பக்கத்தவர்களே வைத்துக்கொள்வார்கள் என்பதும், அதற்கு மேலும் நம் வங்கி கட்டணம் பிடிக்கலாம் என்பதும் கவுன்டரில் இருந்த எனக்கே அந்த நேரத்தில் நினைவுக்கு வரவில்லை. ஆகவே கடையிலும் சரி, ஏ.டி.எம்.மிலும் சரி, எப்போதும் ஜப்பான் பணமான யென்னையே அழுத்து. பின்னால் வரிசை நிற்கிறதே என்று அவசரப்படாதே. திரையை முழுவதும் படித்துவிட்டுத்தான் விரலை வைக்க வேண்டும்.

உன் கிரெடிட் கார்டின் அந்நியச் செலாவணிக் கட்டணம் எவ்வளவு என்று பார். பல கார்டுகளில் 3.5 சதவீதம், அதன்மேல் 18 சதவீத ஜி.எஸ்.டி.; நாற்பதாயிரம் ரூபாய்ச் செலவுக்கு 1,652 ரூபாய். ஆகவே அன்றாடச் செலவுக்கு முன்கூட்டியே யென் ஏற்றி வைத்த ஃபாரெக்ஸ் கார்டும், ஹோட்டல் முன்பணத்துக்குக் கிரெடிட் கார்டும் வைத்துக்கொள். ஹோட்டலில் பிடித்து வைக்கும் தொகை திரும்ப விடுபடச் சில நாள் ஆகலாம் என்பதால், கைச்செலவுப் பணம் உள்ள கார்டை அங்கே நீட்டாதே. கிரெடிட் கார்டில் ரொக்கம் எடுத்தால் எடுத்த நாளிலிருந்தே வட்டி ஓடும். அதைக் கடைசி வழியாக மட்டும் வை.

ஜப்பான் எவ்வளவு முன்னேறிய நாடாக இருந்தாலும் அங்கே ரொக்கம் இன்னும் தேவைப்படுகிறது. சின்னச் சாப்பாட்டுக் கடைகள், கோயில் நுழைவுச் சீட்டு, ரயில் பயணத்துக்கான இகோகா கார்டில் பணம் ஏற்றும் இயந்திரங்கள் போன்ற இடங்களில் நோட்டும் சில்லறையும்தான் கேட்பார்கள். இங்கே பூக்காரம்மாவிடம்கூட ஸ்கேன் செய்து பழகிய நீ, அந்தப் பழக்கத்தை நம்பிப் போகாதே. செவன் இலெவன் கடைகளில் உள்ள ஏ.டி.எம்.களில் வெளிநாட்டுக் கார்டுகள் செல்லும். ஒவ்வொரு முறையும் கட்டணம் உண்டு என்பதால் அடிக்கடி சிறுகச் சிறுக எடுக்காமல் ஒரே தடவையில் எடு. கடையில் பணத்தைக் கையில் கொடுக்காமல் கல்லாவின் முன்னுள்ள சிறு தட்டில் வைப்பதே அங்குள்ள வழக்கம். 500 யென்னுக்குக்கூட நாணயம்தான் என்பதால், ஒரு சின்ன நாணயப் பை கட்டாயம் வேண்டும்.

இரண்டு கார்டுகளையும் ஒரே பர்ஸில் வைக்காதே. ஒன்று உன்னோடு, மற்றொன்று அறையில் பூட்டிய பெட்டியில் இருக்கட்டும். வங்கிகளின் வெளிநாட்டு உதவி எண்களை ஒரு தாளில் எழுதி, பாஸ்போர்ட் நகலோடு அந்தப் பெட்டியில் வை. போன் தொலைந்தால் போனில் சேமித்த எண் உதவாது. கார்டு காணாமல் போனால் தேடிக்கொண்டிருக்காமல் உடனே முடக்கு. தகவல் சொன்ன பிறகு நடக்கும் இழப்பு வங்கியின் பொறுப்பு. சொல்வதற்கு முன் போனதற்குத்தான் வழக்காட வேண்டியிருக்கும்.

அங்கே காலை ஏழு மணி என்றால் இங்கே அதிகாலை மூன்றரை. பணத்தால் எந்த இக்கட்டு வந்தாலும் மணி பார்க்காமல் என்னைக் கூப்பிடு. தலைமாட்டில்தான் போன் இருக்கும்.

அன்புடன்,
அப்பா