எந்தப் பக்கத்தில் நிறுத்தினீர்கள்?

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

சென்ற இதழில் வாசகர் வட்டங்களைப் பற்றி வந்திருந்த கட்டுரையைப் படித்தேன். படத்தைப் பார்த்துவிட்டுப் புத்தகத்தைப் பற்றிப் பேச வருகிறவர்களால் வட்டங்கள் நீர்த்துப் போகின்றன என்பதுதான் அதன் சாரம். ஆறு வருடமாக ஒரு சிறிய வட்டத்தில் இருப்பவள் நான். எனக்கும் இதே எண்ணம்தான் இருந்தது. அது எப்படி மாறியது என்று சொல்லத்தான் இந்தக் கடிதம்.

எங்கள் வட்டத்தில் ஒன்பது பேர். மாதம் ஒரு புத்தகம். தொடங்கும்போதே ஒரு விதி வைத்தோம்: கடைசிப் பக்கம் வரை படிக்காதவர் பேசக் கூடாது. வந்து உட்காரலாம், கேட்கலாம், அவ்வளவுதான். இதை வலியுறுத்தியவர்களில் நானும் ஒருத்தி. படித்து முடிக்காதவர்கள் அந்த மாதம் வராமலே இருந்துவிடுவார்கள். உடம்பு சரியில்லை, திடீரென்று வேலை வந்துவிட்டது என்று செய்தி மட்டும் வரும். வந்த நாலைந்து பேரும் ஒருவர் சொன்னதற்கு இன்னொருவர் தலையாட்டிவிட்டுக் கிளம்புவோம்.

ஒரு மாதம் நாங்கள் எடுத்துக்கொண்ட நாவல் ஏற்கெனவே படமாக வந்திருந்தது. தம்பி ஒருவன் தன் அக்காவைப் பற்றிச் சொல்வதாக எழுதப்பட்ட கதை. அன்றைக்குப் புதிதாக வந்திருந்த ஒரு பெண் தயங்கித் தயங்கிக் கேட்டார்: "நான் புத்தகம் படிக்கலைங்க, படம்தான் பார்த்தேன். படத்துல அந்த அக்கா அடிக்கடி சிரிக்கிறாங்க. புத்தகத்துல எங்கெல்லாம் சிரிக்கிறாங்க?"

விதியை நினைவுபடுத்த வாயெடுத்தேன். அதற்குள் பக்கத்திலிருந்தவர் புத்தகத்தைப் புரட்ட ஆரம்பித்துவிட்டார். அப்புறம் எல்லோருமே புரட்டினோம். கல்யாணக் காட்சியில் இருக்கும் என்றார் ஒருவர். இல்லை. சின்ன வயதுப் பகுதியில் கட்டாயம் இருக்கும் என்றேன் நான். அங்கே அக்கா துணி மடிக்கிறாள், தம்பிக்குத் தலை வாரிவிடுகிறாள், கதவைத் தாழிடுகிறாள். சிரிக்கவில்லை. அழவும் இல்லை. இருபது நிமிடம் தேடிய பிறகுதான் எங்களுக்கு உறைத்தது. முந்நூறு பக்கம் அக்காவைப் பற்றியே பேசுகிற அந்தத் தம்பி ஒரு தடவைகூட அவள் முகத்தைப் பார்க்கவில்லை. அவள் கைகள் மட்டும்தான் அவன் கண்ணில் பட்டிருக்கின்றன. வரி விடாமல் படித்த எங்களுக்கு இது தெரியவே இல்லை. அவன் பார்த்ததை மட்டுமே நாங்களும் பார்த்துக்கொண்டு போயிருக்கிறோம். படத்தில் கேமரா அக்காவின் முகத்துக்கு நேரே நின்றது. அதனால் அந்தப் பெண்ணுக்குக் கேட்கத் தோன்றியது.

அன்று இரவு அந்த நாவலை முதல் பக்கத்திலிருந்து மறுபடி படித்தேன். வேறு புத்தகமாக இருந்தது.

கட்டுரையாளர் சொன்னதில் ஒன்றை ஒப்புக்கொள்கிறேன். படம் வந்துவிட்டால், நாமாக மனதில் வரைந்து வைத்திருந்த முகம் போய்விடுகிறது. 'பொன்னியின் செல்வன்' படிக்கும்போது நான் கற்பனை செய்திருந்த வந்தியத்தேவனை, 2022-இல் படம் பார்த்ததற்குப் பிறகு எவ்வளவு முயன்றும் திரும்பக் கொண்டுவர முடியவில்லை. அதில் எனக்கு வருத்தம் உண்டு. ஆனால் அந்தக் கதை 1950 முதல் 1954 வரை 'கல்கி' இதழில் தொடராக வந்தபோதே மணியத்தின் ஓவியங்களோடுதான் வந்தது. வாரா வாரம் காத்திருந்து படித்தவர்களுக்கும் வந்தியத்தேவனின் முகத்தை இன்னொருவர்தான் வரைந்து கொடுத்தார். அவர்களுக்கு அது பொழுதுபோக்கு, நமக்கு இலக்கியம். இடையில் எந்த வருடம் அது ஒன்றிலிருந்து இன்னொன்றாக மாறியது என்று யாராலும் சொல்ல முடியாது என்றே நினைக்கிறேன்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். கியூபாவின் சுருட்டுத் தொழிற்சாலைகளில் 1865 முதல் ஒரு வழக்கம் உண்டு. தொழிலாளர்கள் சுருட்டு சுற்றிக்கொண்டிருப்பார்கள். ஒருவர் உயரமான இடத்தில் உட்கார்ந்து செய்தித்தாளும் நாவலும் உரக்கப் படிப்பார். அவருக்கான கூலியைத் தொழிலாளர்களே தங்களுக்குள் பிரித்துக் கொடுத்தார்கள். எழுதப் படிக்கத் தெரியாதவர்கள் பலர் அங்கே இருந்தார்கள். 'மாண்டி கிறிஸ்டோ' என்ற சுருட்டின் பெயரே, அப்படி அவர்கள் விரும்பிக் கேட்ட ஒரு நாவலின் பெயரிலிருந்து வந்ததுதான். புத்தகத்தைக் கையால்கூடத் தொடாதவர்களின் வட்டம் அது. அதை நீர்த்துப்போன வட்டம் என்று சொல்ல எனக்கு மனம் வராது. அவ்வளவு தூரம் போவானேன், திருக்குறளில் கல்வி 40-ஆவது அதிகாரம், கல்லாமை 41. கேள்வி என்ற அதிகாரம் கல்லாமைக்கு அடுத்ததாகத்தான் இருக்கிறது. படிக்காவிட்டாலும் கேள் என்று வள்ளுவர் அதில் சொல்கிறார்.

சரி, எங்கள் வட்டத்துக்கு வருகிறேன். விதியை எடுத்துவிட்டோம். இப்போது முதல் கேள்வியே "எந்தப் பக்கத்தில் நிறுத்தினீர்கள்?" என்பதுதான். குற்றம் கண்டுபிடிக்கக் கேட்பதில்லை. உண்மையாகவே தெரிந்துகொள்ளத்தான் கேட்கிறோம். ஒரு தடவை நாலு பேர் ஒரே அத்தியாயத்தில் நிறுத்தியிருந்தார்கள். ஒரு நில வழக்கை ஆசிரியர் ஆதியோடந்தமாக விளக்குகிற இடம். முடித்தவர்களைக் கேட்டால், அந்த அத்தியாயத்தைப் புரட்டிவிட்டு மேலே போனோம் என்றார்கள். சேகரித்த தகவலையெல்லாம் கொட்டிவிட வேண்டும் என்று எழுத்தாளருக்கு ஏன் தோன்றுகிறது என்று அன்று பேசியதுபோல நாங்கள் அதற்கு முன் பேசியதே இல்லை. இன்னொரு முறை, எங்களில் மூத்தவரான ஒரு அம்மா 88-ஆம் பக்கத்தில் நிறுத்தியிருந்தார். கதையில் ஒரு தாய் படுக்கையில் விழுகிற இடம். "எங்க அம்மாவை நான் பார்த்துக்கிட்டது அப்படியே இருக்கு, அதுக்கு மேல போக முடியல" என்றார். கொஞ்ச நேரம் யாரும் பேசவில்லை. அப்புறம் அந்தப் பக்கத்தை மட்டும் ஒருவர் வாய்விட்டுப் படிக்க, அந்த அம்மா கண்ணை மூடிக் கேட்டுக்கொண்டிருந்தார்.

பழைய விதி இருந்திருந்தால் அன்று அவர் வீட்டிலேயே இருந்திருப்பார்.

ஆசிரியரிடம் ஒரு வேண்டுகோள். வாசகர் வட்டங்களைப் பற்றி உங்கள் இதழில் இனி எழுதும்போது, மாதம் எத்தனை புத்தகம் முடிக்கிறார்கள் என்று கேட்பதோடு நிறுத்திக்கொள்ளாதீர்கள். முடிக்காமல் வருகிறவர்கள், படம் மட்டும் பார்த்துவிட்டு வருகிறவர்கள் என்று ஒரு இரண்டு பேரிடமாவது பேசி, அவர்கள் சொல்வதையும் போடுங்கள்.

இப்படிக்கு,
உங்கள் நெடுநாள் வாசகி