ஸ்டெப்னி இல்லாத காரும் ரன்-ஃபிளாட் டயரும்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

"பஞ்சர் ஆனாலும் கவலை வேண்டாம், நிறுத்தாமலே போய்க்கொண்டிருக்கலாம்." ரன்-ஃபிளாட் டயர் பொருத்திய காரை விற்கும்போது இப்படித்தான் சொல்கிறார்கள். இதில் பொய் இல்லை. ஆனால் பாதிதான் இருக்கிறது. எவ்வளவு தூரம் போகலாம், என்ன வேகத்தில், எத்தனை பேரை ஏற்றிக்கொண்டு, அதன் பிறகு அந்த டயர் என்ன ஆகும் என்பதெல்லாம் பலருக்கு முதல் பஞ்சர் ஆகும் நாளில்தான் தெரியவருகிறது. டிக்கியில் ஸ்டெப்னியே இல்லை என்பதும் அன்றுதான் கண்ணில் படுகிறது. இந்த டயர் வேண்டாம் என்று சொல்வதற்காக இதை எழுதவில்லை. உயிர் காக்கக்கூடிய நல்ல பொருள்தான் அது. ஆனால் அதன் வரம்பைச் சொல்லாமல் விற்பது வாங்குபவரை ஆபத்தில் விடுவதாகும்.

சாதாரண டயரில் வண்டியின் எடையைப் பெரும்பாலும் சுமப்பது உள்ளே இருக்கும் காற்று. காற்று இறங்கினால் டயரின் பக்கச்சுவரான சைடுவால் மடிந்து, சக்கரத்தின் உலோக ரிம்முக்கும் சாலைக்கும் நடுவே நசுங்குகிறது. அப்படியே சிறிது தூரம் உருட்டினாலே உள்ளிருக்கும் இழைகள் அறுந்து டயர் வீணாகிவிடும். வேகமாகப் போகும்போது சட்டென்று காற்று இறங்கினால், டயரின் பீட், அதாவது ரிம்மைப் பற்றியிருக்கும் உள்விளிம்பு, ரிம்மை விட்டுக் கழன்று வண்டி தடுமாறவும் கூடும். ரன்-ஃபிளாட் டயரில் சைடுவாலுக்குள் பிறை வடிவில், வெப்பம் தாங்கும் கெட்டியான ரப்பர் கூடுதலாக வைத்து வார்த்திருப்பார்கள். காற்று போனதும் எடையை அந்த ரப்பர் தாங்கிக்கொள்கிறது. பீட்டும் ரிம்மை விட்டு நழுவாது. ஸ்டியரிங் கையை மீறி இழுக்காது. இந்த டயரின் மிகப் பெரிய பலன் இதுதான் என்பது என் கருத்து. நிறுத்தாமல் ஓட்டலாம் என்பது அதற்கு அடுத்தபடிதான்.

இது நேற்று வந்த சங்கதி அல்ல. 1997-இல் வந்த ஐந்தாம் தலைமுறை செவர்லே கார்வெட் ஸ்டெப்னி இல்லாமல், குட்இயர் ரன்-ஃபிளாட் டயர்களுடனேயே விற்பனைக்கு வந்தது. 2000-க்குப் பிந்தைய ஆண்டுகளில் பிஎம்டபிள்யூவும் மினியும் இதைப் பரவலாக்கின. ரிம்மின் மேல் ஒரு தாங்கு வளையத்தைப் பொருத்தும் மிஷலின் 'பாக்ஸ்' முறையும் ஒரு காலத்தில் இருந்தது. அதற்குத் தனி ரிம், தனி இயந்திரம், தனிப் பயிற்சி எல்லாம் வேண்டியிருந்ததால் அது நிலைக்கவில்லை. இன்று கார்களுக்குக் கிடைப்பவை ஏறக்குறைய எல்லாமே சைடுவால் கெட்டிப்படுத்திய வகைதான்.

உங்கள் காரில் இருப்பது ரன்-ஃபிளாட்தானா என்பதை சைடுவாலில் பொறித்திருக்கும் எழுத்தே சொல்லிவிடும். பிரிட்ஜ்ஸ்டோன் என்றால் ஆர்எஃப்டி, கான்டினென்டல் என்றால் எஸ்எஸ்ஆர், மிஷலின் என்றால் இசட்பி, குட்இயர் என்றால் ஆர்ஓஎஃப். அளவைக் குறிக்கும் இடத்தில் ஆர் என்பதற்குப் பதிலாக ஆர்எஃப் என்றும் இருக்கலாம். மிஷலின் 'செல்ஃப்சீல்', கான்டினென்டல் 'கான்டிசீல்' போன்றவை வேறு வகை. அவற்றின் உட்புறம் பிசின் போன்ற பூச்சு இருக்கும். சாலையைத் தொடும் பகுதியான டிரெட்டில் ஆணி ஏறினால் ஓட்டையை அடைத்துக்கொள்ளும். காற்று முழுவதும் போய்விட்டால் அவை சாதாரண டயர் போலவே படுத்துவிடும். இரண்டையும் ஒன்றென்று நினைத்து, காற்றில்லாத டயரில் ஓட்டிப் பார்ப்பவர்கள் இருக்கிறார்கள்.

இனி தூரக் கணக்கு. பொதுவாகச் சொல்லப்படும் அளவு, மணிக்கு 80 கிலோமீட்டர் வேகத்துக்கு மிகாமல் 80 கிலோமீட்டர் தூரம். இதை உத்தரவாதமாக எடுத்துக்கொள்ளக் கூடாது. காற்றில்லாமல் ஓடும்போது சைடுவால் ஒவ்வொரு சுற்றிலும் நசுங்கி நிமிர்கிறது. அந்த அசைவு வெப்பமாக மாறுகிறது. வேகம் கூடினால் வெப்பம் கூடும், சுமை கூடினாலும் கூடும், சாலை கொதித்தாலும் கூடும். வெப்பம் ஓர் எல்லையைத் தாண்டினால் அந்தப் பிறை ரப்பரே பிளந்துவிடும். பிஎம்டபிள்யூவின் சில பழைய மாடல்களின் கையேட்டில் இதைச் சுமையின்படி பிரித்தே கொடுத்திருந்தார்கள்: சுமை குறைவு என்றால் சுமார் 250 கிலோமீட்டர், நடுத்தரம் என்றால் 150, முழுச் சுமை என்றால் 50. ஒரே டயருக்கு ஐந்து மடங்கு வித்தியாசம்! குடும்பத்தோடு, பெட்டிகளோடு கிளம்பும் பயணத்தில் உங்களுக்குப் பொருந்துவது அந்தக் கடைசி எண்தான்.

காற்றழுத்த எச்சரிக்கை விளக்கு எரிந்ததும் செய்ய வேண்டியது இது. பிரேக்கைச் சட்டென்று அழுத்தாமல், ஆக்ஸிலேட்டரிலிருந்து காலை எடுத்து வேகத்தைக் குறையுங்கள். 80-க்குக் கீழே வந்த பிறகும் 60-ஐ ஒட்டியே வைத்துக்கொள்வது நல்லது. வளைவுகளில் மெதுவாகத் திருப்புங்கள், குழிகளைத் தவிருங்கள். பின்னால் டிரெய்லர் இருந்தால் அதைக் கழற்றிவிட வேண்டும். பாதுகாப்பான இடம் வந்ததும் நிறுத்தி நான்கு டயரையும் பாருங்கள். சைடுவால் கிழிந்திருந்தாலோ, ரிம் வளைந்திருந்தாலோ, ஒன்றுக்கு மேற்பட்ட டயரில் காற்று போயிருந்தாலோ மேற்கொண்டு ஓட்டாதீர்கள். அந்த நிலைமைக்கான டயர் அல்ல இது. ஓட்டும்போது அதிர்வோ ரப்பர் கருகும் வாடையோ வந்தால், எத்தனை கிலோமீட்டர் மீதியிருந்தாலும் கணக்கு அங்கேயே முடிந்துவிட்டது.

காற்று இறங்கிய ரன்-ஃபிளாட் டயரைப் பார்வையால் கண்டுபிடிக்க முடியாது என்பதை யாரும் அழுத்திச் சொல்வதில்லை. சாதாரண டயரில் காற்று குறைந்தால் அடிப்பகுதி உப்பும். காலால் உதைத்துப் பார்த்தாலும் ஓரளவு தெரியும். இதில் சைடுவால் விறைப்பாக நிற்பதால், 10 பிஎஸ்ஐ மட்டுமே இருந்தாலும் டயர் நன்றாக இருப்பதுபோலவே தோன்றும். அதனால் காற்றழுத்தக் கண்காணிப்பு அமைப்பு, அதாவது டிபிஎம்எஸ், வேலை செய்யாத காரில் ரன்-ஃபிளாட் ஓட்டவே கூடாது. பஞ்சர் ஆனதே தெரியாமல் 120-இல் பறந்துகொண்டிருப்பீர்கள்.

டிபிஎம்எஸ்ஸிலும் இரண்டு வகை உண்டு. ஒன்றில் ஒவ்வொரு சக்கரத்துக்குள்ளும் சென்சார் இருக்கும். அதன் பேட்டரியைத் தனியாக மாற்ற முடியாது. ஆயுள் முடிந்தால் சென்சாரையே மாற்ற வேண்டும். மற்றொன்றில் சென்சார் கிடையாது. பிரேக் பிடிக்கும்போது சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் தடுக்கும் ஏபிஎஸ் அமைப்பு தரும் சக்கரச் சுழற்சி வேகத்தை ஒப்பிட்டு, எந்தச் சக்கரம் வேகமாகச் சுற்றுகிறதோ அதில் காற்று குறைவு என்று கணிக்கும். இந்த இரண்டாம் வகைக்கு, காற்று நிரப்பிய ஒவ்வொரு முறையும் ரீசெட் செய்ய வேண்டும். காற்று குறைவாக இருக்கும்போது ரீசெட் பொத்தானை அழுத்திவிட்டால், அந்தக் குறைந்த அளவையே சரியானது என்று எடுத்துக்கொள்ளும். விளக்கை அணைப்பதற்காக மட்டும் ரீசெட் செய்யும் பழக்கம் பல இடங்களில் இருக்கிறது. அதை விட்டொழிக்க வேண்டும். எந்த வகையாக இருந்தாலும் மாதம் ஒருமுறை, வண்டி சில மணி நேரம் ஓடாமல் நின்று டயர் ஆறியிருக்கும்போது, கேஜ் வைத்துப் பார்ப்பதற்கு மாற்று இல்லை. அமெரிக்க விதிப்படி, குறிப்பிட்ட அழுத்தத்தில் 25 சதவீதம் குறைந்த பிறகுதான் விளக்கு எரிந்தாக வேண்டும். 36 பிஎஸ்ஐ இருக்க வேண்டிய டயர் 27-க்கு இறங்கும்வரை அது மௌனமாக இருக்கலாம்.

பஞ்சர் ஆன பிறகு ஒட்டலாமா என்பதில்தான் குழப்பம் அதிகம். பல தயாரிப்பாளர்கள், காற்றில்லாமல் ஓடிய டயரை ஒட்டவே கூடாது என்கிறார்கள். சிலர் நிபந்தனையோடு அனுமதிக்கிறார்கள்: ஓட்டை டிரெட்டின் நடுப்பகுதியில் இருக்க வேண்டும், அகலம் 6 மில்லிமீட்டருக்கு மேல் போகக் கூடாது, காற்று மிகவும் இறங்குவதற்கு முன்பே வண்டியை நிறுத்தியிருக்க வேண்டும். உங்கள் டயர் எந்தப் பக்கம் என்பதை அதன் தயாரிப்பாளரிடம்தான் கேட்க வேண்டும். ஒட்டுபவரின் சொல் மட்டும் போதாது.

அனுமதி இருந்தாலும், டயரைக் கழற்றி உள்ளே பார்க்காமல் முடிவு செய்யக் கூடாது. நல்ல விளக்கைப் பிடித்து உட்புறச் சைடுவாலைச் சுற்றிலும் பார்க்க வேண்டும். சுற்றுவட்டமாக ஒரு மடிப்புக் கோடு, நிறம் மாறிய பட்டை, உள்பூச்சில் சுருக்கம், விரலால் தடவினால் ஒட்டும் கரும்பொடி, அடியில் உதிர்ந்து கிடக்கும் ரப்பர் துகள் ஆகியவற்றில் ஒன்று இருந்தாலும் அந்த டயர் முடிந்தது. வெளியே பார்த்தால் புத்தம் புதிதாகவே இருக்கும், அதுதான் ஏமாற்றும். அடுத்த முறை காற்று போகும்போது அந்தப் பிறை ரப்பர் எடையைத் தாங்காது. இந்தக் காரணத்தால்தான், டயரைக் கழற்றாமல் வெளியிலிருந்தே பஞ்சர் ஸ்ட்ரிப் எனும் ரப்பர் நாடாவை ஓட்டையில் குத்தி அனுப்பும் முறை எந்த டயருக்கும் சரியில்லை என்றாலும், ரன்-ஃபிளாட்டுக்கு இரட்டிப்புத் தவறு. ஒட்டுவதாக இருந்தால், ஓட்டையையும் நிரப்பி உட்புறத்தையும் மூடும் மஷ்ரூம் பேட்ச்தான்.

கழற்றுவதும் மாட்டுவதும்கூட எல்லாக் கடைகளுக்கும் வரும் வேலையல்ல. சைடுவால் விறைப்பாக இருப்பதால், பீட்டை ரிம்மின் நடுப்பள்ளத்துக்குள் இறக்க உதவிக் கைகள் கொண்ட இயந்திரம் வேண்டும். சாதாரண இயந்திரத்தில் லிவரைப் போட்டு நெம்பினால் பீட் கிழியும், ரிம்மில் கீறல் விழும், வால்வை ஒட்டி இருக்கும் சென்சார் உடையும். டயர் குளிர்ந்து இறுகியிருக்கும்போது மாட்டக் கூடாது. குறைந்தது 15 டிகிரி செல்சியஸ் வெப்பம் இருக்க வேண்டும். பீட் வழுக்கி இறங்குவதற்கு உரிய பசையைத் தாராளமாகத் தடவ வேண்டும். பீட் உட்காரவில்லை என்று 40 பிஎஸ்ஐ-க்கு மேல் அடித்துப் பார்ப்பது உயிரோடு விளையாடுவது. காற்றை இறக்கி, மீண்டும் பசை தடவி, முதலிலிருந்து தொடங்க வேண்டும்.

பயணச் சுகம் குறையும் என்ற குறைபாடு உண்மைதான், ஆனால் முன்பைவிடக் குறைந்திருக்கிறது. ஆரம்பகால ரன்-ஃபிளாட்கள் ஒவ்வொரு பள்ளத்தையும் முதுகெலும்புக்குச் சொல்லின. இப்போதைய தலைமுறையும், அதற்கேற்ப அமைத்த சஸ்பென்ஷனும் பரவாயில்லை. ஆனாலும் சைடுவால் வளைந்துகொடுக்காததால் குழியில் விழும் அடி ரிம்முக்குப் போகிறது. தாழ்ந்த சைடுவாலும் அகன்ற அலாய் வீலும் சேர்ந்தால் ரிம் வளைவதும் விரிசல் விடுவதும் நடக்கும். சாலை மோசமான பகுதியில் வாழ்பவர்களுக்கு இது சின்ன விஷயமல்ல. டயரின் எடையும் விலையும் கூடுதல். ஸ்டெப்னி இல்லாததால் மிச்சமாகும் எடையில் ஒரு பங்கை நான்கு டயர்களுமே தின்றுவிடுகின்றன. டிக்கியில் இடம் கிடைப்பது மட்டும் மறுக்க முடியாத லாபம்.

தேய்ந்த பிறகு சாதாரண டயருக்கு மாறலாமா என்று பலரும் கேட்கிறார்கள். மாறலாம், ஆனால் நான்கையும் சேர்த்து மாற்றுங்கள். ஒரே அச்சில் ஒரு பக்கம் ரன்-ஃபிளாட், மறுபக்கம் சாதாரண டயர் என்பது கூடவே கூடாது. திருப்பங்களிலும் பிரேக் பிடிக்கும்போதும் இரு பக்கமும் வேறு வேறாக நடந்துகொள்ளும். அளவு, சுமைக் குறியீடு, வேகக் குறியீடு மூன்றும் கையேட்டில் உள்ளபடி இருக்க வேண்டும். வண்டி சற்று மென்மையாகும், ஸ்டியரிங்கின் கூர்மை கொஞ்சம் குறையும். பிறகு ஸ்டெப்னிக்கு வழி செய்ய வேண்டும். டிக்கியில் குழியே இல்லாத காரில் அதைக் கட்டி நிறுத்த உறுதியான ஏற்பாடு வேண்டும். சும்மா போட்டு வைத்தால் விபத்தில் அதுவே உள்ளே பாயும். ஜாக், வீல் ஸ்பேனர் இரண்டும் இந்தக் கார்களில் பெரும்பாலும் இருக்காது. தனியே வாங்க வேண்டும். சீலன்ட் பாட்டிலும் சிறிய கம்ப்ரசரும் போதும் என்பவர்கள், அது டிரெட்டில் உள்ள சிறு ஓட்டைக்கு மட்டுமே உதவும் என்பதையும், பாட்டிலுக்குக் காலாவதித் தேதி உண்டு என்பதையும் நினைவில் வைக்கட்டும். ரன்-ஃபிளாட்டுக்காக வடிவமைக்காத காரில் அதை மாட்டுவதை நான் பரிந்துரைக்க மாட்டேன். பீட்டைப் பிடிக்கும் மேடுள்ள ரிம்மும், வேலை செய்யும் டிபிஎம்எஸ்ஸும், ஏற்ற சஸ்பென்ஷனும் இல்லாமல் கடின சைடுவாலை மட்டும் வாங்கிப் பயனில்லை.

இரவில் நெடுஞ்சாலையில் தனியாக ஓட்டுபவர், சாலையோரத்தில் குனிந்து சக்கரம் மாற்ற உடம்பு இடம்கொடுக்காதவர், அந்த அளவு டயர் பக்கத்திலேயே கிடைக்கும் நகரத்தில் இருப்பவர் ஆகியோர் தயங்காமல் ரன்-ஃபிளாட் வைத்துக்கொள்ளலாம். அடிக்கடி ஆளரவமற்ற பகுதிகளுக்குப் போகிறவர் நிலைமை வேறு. 80 கிலோமீட்டருக்குள் அந்த அளவு டயர் கையிருப்பில் உள்ள கடை இல்லையென்றால், இந்த டயர் உங்களை ஆபத்தான இடத்திலிருந்து நகர்த்தும், ஆனால் வீடு சேர்க்காது. அவருக்குச் சாதாரண டயரும் முழு அளவு ஸ்டெப்னியும்தான் என் பரிந்துரை.

கார் நிறுவனங்களும் விற்பனையாளர்களும் மூன்று காரியம் செய்யலாம். சாவியைக் கொடுக்கும் நாளிலேயே காரில் ஸ்டெப்னி இல்லை என்பதை வாயால் சொல்ல வேண்டும். காற்றில்லாமல் எந்தச் சுமையில் எவ்வளவு தூரம் ஓட்டலாம் என்ற கையேட்டுப் பக்கத்தைத் தனித்தாளாக அச்சிட்டு, ஓட்டுநர் கதவோரம் காற்றழுத்த அட்டவணை ஒட்டியிருக்கும் இடத்திலேயே ஒட்டித் தர வேண்டும். வாங்குபவர் விரும்பினால் ஸ்டெப்னியும் ஜாக்கும் கூடுதல் விலைக்காவது கிடைக்கும்படி டிக்கியை வடிவமைக்க வேண்டும். நாளிதழின் வாகனப் பகுதியில் புதிய கார்களை மதிப்பிட்டு எழுதுபவர்களும், எஞ்சின் திறனையும் திரையின் அளவையும் குறிப்பிடும் அதே பத்தியில், அந்தக் காரில் எந்த வகை டயர், ஸ்டெப்னி உண்டா இல்லையா என்ற ஒரு வரியைச் சேர்க்கும்படி கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
டயர் பராமரிப்புத் தொழிலில் இருக்கும் வாசகர்