பிரிட்ஜ் பகுதியில் பாதி ஆட்டம் விடுபட்டிருக்கிறது

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். உங்கள் ஞாயிறு இணைப்பில் பிரிட்ஜ் சீட்டாட்டத்துக்கு ஒரு பகுதி ஒதுக்கியிருப்பது நல்ல காரியம். 2018 ஜகார்த்தா ஆசிய விளையாட்டில் பிரணாப் பர்தனும் சிப்நாத் சர்க்காரும் ஆடவர் ஜோடிப் பிரிவில் தங்கம் வென்றார்கள். ஹாங்சோவில் நம் ஆடவர் அணி வெள்ளி வாங்கியது. பதக்கச் செய்தியோடு நிற்காமல் ஆட்டத்தையே சொல்லித்தர ஒரு தமிழ் நாளிதழ் முன்வந்திருப்பதை வரவேற்கிறேன். ஆனால் சொல்லித்தரும் விதத்தில் ஒரு பெரிய ஓட்டை இருக்கிறது.

இதுவரை வந்த புதிர்கள் அனைத்தும் ஒரே அச்சு. நான்கு கைகளும் விரித்து வைக்கப்பட்டிருக்கும். 'தெற்கு 4 ஸ்பேட் ஆடுகிறார், எப்படி ஜெயிப்பார்?' என்று கேள்வி இருக்கும். (தெற்கும் வடக்கும் ஒரு ஜோடி, கிழக்கும் மேற்கும் எதிர் ஜோடி. '4 ஸ்பேட்' என்றால் ஸ்பேடைத் துருப்பாக வைத்து ஆறுக்கு மேல் நான்கு, அதாவது 10 பிடி எடுப்பதாக வாக்கு. நால்வரும் ஆளுக்கொரு சீட்டுப் போடும் ஒரு சுற்றுதான் பிடி.) எது துருப்பு, எத்தனை பிடி என்று நால்வரும் மாறி மாறிச் சொல்லும் ஏலம் எப்படிப் போனது என்று ஒரு வரிகூட இருக்காது. நான்கு பேர் ஆடும் ஆட்டத்தில் ஒருவர் சராசரியாகக் கால்வாசி ஆட்டங்களில் டிக்ளேரர் (ஏலத்தில் வென்று ஆடுபவர்), கால்வாசியில் டம்மி (கையை மேஜையில் விரித்து வைத்துவிடும் அவருடைய பார்ட்னர்). மீதிப் பாதி நேரமும் அவர் தடுப்பாட்டக்காரர்தான். அந்தப் பாதியைப் பற்றி உங்கள் பகுதி சொன்னது இரண்டே விதிகள்: 'இரண்டாவது கை தாழ்ந்து போடு, மூன்றாவது கை உயர்த்திப் போடு.' 'மூன்றாவது கை' விதியையே முதலில் எடுத்துக்கொள்கிறேன்.

தெற்கு 1 நோ டிரம்ப் (துருப்பு இல்லாமல் 7 பிடி) என்று ஏலத்தைத் திறக்கிறார், கையில் உயர் சீட்டுகளின் மதிப்பு 15 முதல் 17 புள்ளி. வடக்கு நேராக 3 நோ டிரம்ப், அதாவது 9 பிடி. மேற்கு ஆர்ட்டின் 7ஐ லீட் செய்கிறார், அதாவது முதல் சீட்டாக இறக்குகிறார். டம்மியில் ஆர்ட்டின் ராணி, 9, 3. கிழக்கில் இருக்கும் உங்களிடம் ஏஸ், ஜாக்கி, 4. டம்மி 3ஐப் போடுகிறது. விதிப்படி ஏஸைத் தூக்கிப் போட்டால் ஆட்டம் கைவிட்டுப் போகலாம். நீண்ட இனத்தில் மேலிருந்து நான்காவது சீட்டை லீட் செய்வது வழக்கம் என்றால், 11இலிருந்து அந்த எண்ணைக் கழிக்க வேண்டும். 11இல் 7 போனால் 4. மேற்கைத் தவிர மற்ற மூவரிடமும் சேர்த்து 7க்கு மேலான ஆர்ட்டின் நான்குதான். டம்மியில் ராணியும் 9ம், உங்களிடம் ஏஸும் ஜாக்கியும். நான்கும் கண்ணெதிரே இருக்கின்றன. தெற்கிடம் 7ஐ மிஞ்சும் ஆர்ட்டின் ஒன்றுகூட இல்லை. ஆகவே ஜாக்கி போதும், அது பிடியை எடுக்கும். பிறகு ஏஸ், அடுத்து 4. மேற்கின் ராஜா டம்மியின் ராணியை விழுங்கிவிடும். மேற்கிடம் ராஜா, 10, 8, 7, 5 என்று ஐந்து சீட்டு இருந்தால் முதல் ஐந்து பிடியும் உங்களுக்கே, கான்ட்ராக்ட் (ஏலத்தில் ஒப்புக்கொண்ட 9 பிடி) ஒன்று குறைந்து விழும். முதலிலேயே ஏஸைப் போட்டுவிட்டு ஆர்ட்டினைத் தொடர்ந்தால், ஜாக்கியை இறக்கினாலும் 4ஐ இறக்கினாலும் டம்மியின் ராணி ஒரு பிடியைப் பிடுங்கிக்கொள்ளும். மேற்குக்கு வேறு இனத்தில் கை வராவிட்டால் (பிடி எடுத்து மறுபடி லீட் செய்ய முடியாவிட்டால்) மிச்ச ஆர்ட்டின் அவர் கையிலேயே செத்துக் கிடக்கும்.

இந்த 11 கணக்கைப் பல தொடக்க ஆட்டக்காரர்கள் மனப்பாடமாகச் சொல்வார்கள். சீட்டு மேஜையில் விழும்போது கழிக்க மறந்துவிடுவார்கள். டம்மி விரிந்ததும் டிக்ளேரர் யோசிக்கிற அந்தச் சில விநாடிகள் உங்களுக்கும் உரியவை. அப்போதே கழித்து முடித்துவிட வேண்டும்.

இன்னொரு கழித்தலும் அதே விநாடிகளில் செய்யவேண்டியது. சீட்டுக்கட்டில் மொத்தம் 40 புள்ளி: ஏஸ் 4, ராஜா 3, ராணி 2, ஜாக்கி 1 வீதம். இப்போது நீங்கள் மேற்கு, ஏலம் அதேதான். டம்மியில் 11, உங்கள் கையில் 8 என்று வையுங்கள். மிச்சம் 21. அதில் தெற்கிடம் 15 முதல் 17. ஆக, உங்கள் பார்ட்னரிடம் 4 முதல் 6 புள்ளி மட்டுமே. ஓர் ஏஸும் கூடிப்போனால் ஒரு ராணியும் இருக்கலாம். ஏஸும் ராஜாவும் சேர்ந்தால் 7, அதற்கு வழியே இல்லை. எனவே பார்ட்னரிடம் கிளாவர் ஏஸும் ராஜாவும் இருந்தால்தான் பலிக்கும் என்கிற திட்டத்தை அப்போதே தூக்கிப் போட்டுவிட்டு, அவரிடம் ஒரே ஒரு டைமன் ஏஸ் இருந்தால் பலிக்கிற திட்டத்தைத் தேட வேண்டும். இந்த முடிவுக்கு வரத் தெற்கின் கையைப் பார்க்க வேண்டியதில்லை, ஏலத்தைக் கேட்டிருந்தால் போதும். உங்கள் பகுதியில் ஏலத்தை அச்சிடாமல் விடுவது அதனால்தான் தவறு என்கிறேன். தடுப்பாட்டக்காரருக்குக் கிடைக்கும் முதல் ஆதாரம் அது. சில நேரம் ஒரே ஆதாரம்.

சொன்னதைப் போலவே சொல்லாததும் ஆதாரம்தான். 1 நோ டிரம்புக்கு வடக்கு 2 கிளாவர் சொல்லி மேஜர் இனம் (ஸ்பேட், ஆர்ட்டின்) விசாரிக்கவில்லை, நேரே மூன்றுக்குப் போனார். அவரிடம் நான்கு சீட்டு ஸ்பேடோ ஆர்ட்டினோ இருக்க வாய்ப்புக் குறைவு. லீட் செய்பவருக்கு ஒரு மேஜரும் ஒரு மைனரும் (டைமன் அல்லது கிளாவர்) சம நீளம், சம பலம் என்றால் மேஜரைப் போடுவதற்கு இதுதான் காரணம். மாறாக, வடக்கு 2 கிளாவர் கேட்டபோது உங்கள் பார்ட்னர் டபுள் (எதிரணி ஏலத்தின் பந்தயத்தை இரட்டிப்பாக்கும் சொல்) சொல்லாமல் பாஸ் செய்திருந்தால், நல்ல ஐந்து கிளாவர் அவரிடம் இல்லை என்று எடுத்துக்கொண்டு வேறு இனம் பாருங்கள்.

துருப்பு லீட் பற்றி உங்கள் பகுதி 'சந்தேகம் வந்தால் துருப்பு போடு' என்று முடித்துவிட்டது. சந்தேகத்துக்கும் துருப்புக்கும் சம்பந்தமில்லை. எதிரணி ஏலம் இப்படி: 1 ஸ்பேட், 1 நோ டிரம்ப், 2 ஆர்ட்டின், பாஸ். நீங்கள் லீட் செய்ய வேண்டும், கையில் ஸ்பேட் ராஜா, ஜாக்கி, 9, 7. டிக்ளேரரிடம் ஐந்து ஸ்பேட், நான்கு ஆர்ட்டின். டம்மி ஸ்பேடை விட்டு ஆர்ட்டினைத் தேர்ந்தெடுத்திருப்பதால் அங்கே பெரும்பாலும் ஒரே ஒரு ஸ்பேட், அல்லது அதுவும் இல்லை. டிக்ளேரருக்குப் பின்னால் நீங்கள் உட்கார்ந்திருக்கிறீர்கள், ஆகவே அவருடைய ஸ்பேட் இயல்பாகப் பழுக்காது. டம்மியின் துருப்பால் வெட்டித்தான் அவர் அவற்றைத் தீர்க்க வேண்டும். ஒவ்வொரு முறை கை வரும்போதும் துருப்பை இழுத்தால் டம்மியில் வெட்ட ஆளிருக்காது. துருப்பு லீட் இங்கே உத்தரவாதமில்லை என்றாலும், காரணம் தெளிவாக இருக்கிறது. அதே கையோடு எதிரணி 1 ஸ்பேட், 3 ஸ்பேட், 4 ஸ்பேட் என்று போயிருந்தால் இந்தக் காரணம் எதுவும் பொருந்தாது.

பார்ட்னருக்குச் சீட்டின் வழியே தரும் சமிக்ஞைகளில் ஒன்றை மட்டும் சொல்கிறேன், அதிகம் தவறுவது அதில்தான். நோ டிரம்பில் டம்மியிடம் டைமன் ராஜா, ராணி, ஜாக்கி, 10, 5. வேறு இனத்தில் டம்மிக்குக் கை போக வழியே இல்லை. உங்களிடம் டைமன் ஏஸ், 8, 3. எத்தனை முறை ஏஸைப் பிடித்து வைத்திருப்பது? பார்ட்னர் முதல் சுற்றில் 2ஐப் போட்டால் அவரிடம் ஒற்றைப்படை, பெரும்பாலும் மூன்று. தெற்கிடம் இரண்டு, எனவே இரண்டாவது சுற்றிலேயே ஏஸை எடுங்கள். முதலில் 7ஐப் போட்டு அடுத்து 4ஐப் போட்டால் அவரிடம் இரண்டு, தெற்கிடம் மூன்று. மூன்றாவது சுற்று வரை காத்திருக்க வேண்டும். ஒரு சுற்று அவசரப்பட்டால் மிச்ச டைமன் முழுவதையும் டிக்ளேரருக்குத் தாரை வார்க்கிறீர்கள். ஒரு சுற்று தாமதித்தால் சும்மா ஒரு பிடி. இதில் பார்ட்னரின் கையில் வேறு பலம் எதுவும் இல்லாவிட்டாலும், அவருடைய அந்த 7ம் 4ம் ஆட்டத்தைத் தீர்மானிக்கின்றன.

இனி ஏலத்துக்கு வருகிறேன். '26 புள்ளி இருந்தால் கேம்' (3 நோ டிரம்ப், 4 ஸ்பேட் போல, எடுத்தால் போனஸ் கிடைக்கும் ஏலம்) என்று உங்கள் பகுதி சொன்னதில் பிழையில்லை. ஆனால் இரு அணிகளும் ஏலத்தில் இறங்கிவிட்டால் புள்ளி பின்னுக்குப் போய்த் துருப்பின் எண்ணிக்கை முன்னுக்கு வருகிறது. பிரெஞ்சுக்காரர் ஷான்-ரெனே வெர்ன் 1960களில் வைத்த கணக்கு இது: இரு அணிகளும் அவரவர் சிறந்த துருப்பில் ஆடினால் கிடைக்கும் பிடிகளின் கூட்டுத்தொகை, இரு அணிகளின் துருப்புச் சீட்டுகளின் கூட்டுத்தொகைக்கு ஏறக்குறைய சமம்.

நமக்கு 9 ஸ்பேட், அவர்களுக்கு 9 ஆர்ட்டின் என்றால் மொத்தம் 18. அவர்கள் 4 ஆர்ட்டினில் நிற்கிறார்கள், நாம் வல்னரபிள் (போனஸும் அபராதமும் கூடும் நிலை) இல்லை. 4 ஸ்பேட் சொல்லலாமா? அவர்களுக்கு 10 பிடி என்றால் நமக்கு 8. டபுள் செய்யப்பட்டு இரண்டு குறைந்தால் 300 போகும். அவர்களை விட்டிருந்தால் 420 போயிருக்கும், அவர்கள் வல்னரபிள் என்றால் 620. லாபம்தான். நாம் வல்னரபிளாக இருந்தால் அதே இரண்டு குறைவுக்கு 500 கட்ட வேண்டும், எதிரே இருப்பது 420 என்றால் நஷ்டம். அவர்களுக்கு 9 பிடிதான் என்றால் 4 ஆர்ட்டின் தானாக விழுந்திருக்கும், நாம் 4 ஸ்பேட் சொல்லி 100ஐ வீணாகக் கொடுத்திருப்போம்.

அடுத்த படியில் கணக்கு தெளிவாகிவிடுகிறது. நாம் 4 ஸ்பேட் சொன்ன பிறகு அவர்கள் 5 ஆர்ட்டின் போகிறார்கள். அதே 18 என்றால் 5 ஸ்பேட் எந்த வகையிலும் தவறு. அவர்களுக்கு 11 கிடைக்குமானால் நமக்கு 7தான், நான்கு குறைந்து 800. அவர்களுடைய கேமோ 450 அல்லது 650தான். 11 கிடைக்காது என்றால் 5 ஆர்ட்டின் விழும் சீட்டு, அதை ஏன் காப்பாற்ற வேண்டும்? இரு பக்கமும் பத்துப் பத்து துருப்பு, மொத்தம் 20 இருந்தால்தான் இந்தப் பேச்சுக்கே இடம். 'ஐந்தாவது படி எதிராளிக்கு' என்று ஆட்டக்காரர்கள் சொல்வதன் பொருள் இதுதான்.

கணக்கு தவறும் இடமும் தெரிந்திருக்க வேண்டும். எதிரணியின் இனத்தில் உங்களிடம் ராணியும் ஜாக்கியும் இருந்தால் தடுப்பில் ஒரு பிடி வரும், உங்கள் ஸ்பேடில் ஆடும்போது ஒன்றும் வராது. மொத்தம் 18க்குக் கீழே இறங்கும், எனவே பாஸ். இரண்டாவது இனமும் பார்ட்னரோடு நன்றாகப் பொருந்தினால் மேலே ஏறும். இதைவிடப் பெரிய தவறு, ஏறுவதைத் தவணை முறையில் செய்வது. பார்ட்னர் 1 ஸ்பேட், எதிராளி டபுள், உங்களிடம் நான்கு ஸ்பேடும் நோஞ்சான் கையும். 9 துருப்புக்கு 9 பிடி அளவு, அதாவது 3 ஸ்பேட், முதல் வாய்ப்பிலேயே சொல்லிவிட வேண்டும். 2 ஸ்பேட் சொல்லி, பிறகு 3, பிறகு 4 என்று போனால் எதிரணிக்குத் தங்கள் ஆர்ட்டினைக் கண்டுபிடித்து அளந்து பார்க்க இரண்டு சுற்று இனாமாகக் கொடுத்தாயிற்று. 3 சொன்ன பிறகு பார்ட்னர் கேட்காமல் நீங்கள் மறுபடி வாய் திறக்கவும் கூடாது.

கேம் கேட்பதற்கும் வல்னரபிள் நிலை முக்கியம். அணி ஆட்டத்தில் ஒரே சீட்டை இரு மேஜைகளில் ஆடி, புள்ளி வித்தியாசத்தை இம்ப் என்னும் அளவாக மாற்றுவார்கள். அந்தக் கணக்குப்படி, வல்னரபிளாக 4 ஸ்பேடை எடுத்துவிட்டு மறு மேஜையில் 170இல் நின்றிருந்தால் லாபம் 10 இம்ப். கேட்டு ஒன்று குறைந்தால், மறு மேஜை 140 எடுத்திருக்க, நஷ்டம் 6. ஆகவே நூற்றுக்கு 38 வாய்ப்பு இருந்தாலே கேட்கலாம். வல்னரபிள் இல்லாதபோது லாபம் 6, நஷ்டம் 5, வாய்ப்பு 45க்கு மேல் வேண்டும். ஜோடி ஆட்டத்து மேட்ச்பாயின்ட் முறையில் (எவ்வளவு என்பதல்ல, எத்தனை ஜோடிகளை மிஞ்சினோம் என்பதே கணக்கு) இந்தச் சரிவு கிடையாது, பாதிக்குப் பாதி இருந்தால்தான் கேட்பது. எந்த முறையில் ஆடுகிறார்கள் என்று சொல்லாமல் 'கேம் கேட்டது சரியா?' என்று புதிர் போட்டால் விடையே கிடையாது.

டபுளையும் உங்கள் பகுதி தண்டனையாக மட்டுமே காட்டியது. எதிரணி தானாக ஸ்லாம் (12 அல்லது 13 பிடி) போய், லீட் செய்யப்போகாத பார்ட்னர் டபுள் சொன்னால் 'வழக்கமான லீட் வேண்டாம்' என்று பொருள். பெரும்பாலும் அவருக்கு ஓர் இனம் சுத்தமாக இல்லை, வெட்டக் காத்திருக்கிறார். தியோடர் லைட்னர் பெயரில் வழங்குவது இது. 3 நோ டிரம்புக்கு அதே டபுள், நாம் எந்த இனமும் சொல்லாத நிலையில், டம்மி முதலில் சொன்ன இனத்தைப் போடச் சொல்கிறது.

என் வேண்டுகோள் இதுதான். ஒவ்வொரு புதிரோடும் யார் சீட்டுப் போட்டவர், எந்த அணி வல்னரபிள், இம்ப் முறையா மேட்ச்பாயின்டா, பாஸ் உட்பட ஏலம் முழுவதும் என நான்கையும் அச்சிடுங்கள். இரண்டு வாரத்துக்கு ஒன்றாவது தடுப்பாட்டப் புதிராக இருக்கட்டும். அதில் டம்மியையும் ஒரு தடுப்பாட்டக்காரரின் கையையும் மட்டும் காட்டுங்கள், மற்ற இரண்டு கைகளையும் அடுத்த ஞாயிறு விடையோடு போடலாம். நான்கு கைகளையும் ஒன்றாகப் போடுவதால் வீணாகிற இடத்திலேயே ஏலம் அடங்கிவிடும்.

இப்படிக்கு,
பிரிட்ஜ் ஆடும் வாசகர்,
சென்னை