அவுட்பாக்ஸில் கிடந்த கடிதம்: உங்கள் மின்னஞ்சல் மென்பொருள் பற்றிய புகார்

அனுப்புநர்:
ஏற்றுமதிப் பிரிவு எழுத்தர்,
மாங்கூழ் ஆலை அலுவலகம்,
காவேரிப்பட்டணம் அருகில்,
கிருஷ்ணகிரி மாவட்டம்.

பெறுநர்:
வாடிக்கையாளர் குறைதீர்ப்புப் பிரிவு,
மின்னஞ்சல் மென்பொருள் நிறுவனம்.

பொருள்: போகாத மெயிலைப் போகவில்லை என்று சொல்லாதது, தமிழில் தேடினால் கிடைக்காதது, இன்னும் சில குறைகள்.

ஐயா / அம்மா,

வணக்கம். மாங்கூழ் ஆலை ஒன்றில் ஏற்றுமதிக் கடிதப் போக்குவரத்தைப் பார்க்கிறவன் நான். 2016 முதல் எங்கள் அலுவலகக் கம்ப்யூட்டரில் உங்கள் மென்பொருளைத்தான் வைத்திருக்கிறோம். வருடா வருடம் சந்தாவும் தவறாமல் கட்டுகிறோம். இதற்கு முன் இரண்டு முறை உங்கள் உதவி மையத்துக்கு எழுதினேன். இரண்டு முறையும் 'தங்கள் பிரச்சினை தீர்க்கப்பட்டது' என்று ஒரு தானியங்கிப் பதில் வந்தது. எந்தப் பிரச்சினையை யார் தீர்த்தார்கள் என்றுதான் எனக்கு இன்றுவரை தெரியவில்லை. அதனால் இந்த முறை கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன்.

எங்கள் பக்கம் மே கடைசியில் ஆரம்பித்து ஜூலை வரைக்கும் யாருக்கும் சரியான தூக்கம் கிடையாது. போச்சம்பள்ளி, சந்தூர், பர்கூர்த் தோப்புகளிலிருந்து பெங்களூரா மாங்காய் டிராக்டரிலும் லாரியிலும் வந்து கேட்டுக்கு வெளியே வரிசை கட்டும். கிளிமூக்கு என்றும் சொல்வார்கள். பழுக்க வைத்துக் கூழாக்கி, கிருமி நீக்கி, 215 கிலோ பிடிக்கும் பைகளில் நிரப்பி டிரம்முக்குள் வைக்கிறோம். 20 அடி கன்டெய்னர் ஒன்றுக்கு 80 டிரம். கூழ் மட்டுமே 17 டன்னுக்கு மேல் வரும். அது சென்னைத் துறைமுகம் போய்க் கப்பலேற வேண்டும்.

கடந்த ஜூனில் ஒரு சனிக்கிழமை சாயங்காலம் அப்படி ஒரு லோடை ஏற்றி முடித்தோம். கப்பல் ஏஜென்ட்டுக்கு பில், பேக்கிங் லிஸ்ட், எடைச் சீட்டு, டிரம் அடுக்கும்போது எடுத்த படங்கள், சீல் நம்பர் தெரிகிற படம் எல்லாம் போயாக வேண்டும். எடையைச் சரிபார்த்துச் சொல்லாத கன்டெய்னரைக் கப்பலில் ஏற்றக் கூடாது என்பது 2016 ஜூலையிலிருந்து உலகம் முழுக்க உள்ள விதி. எல்லாவற்றையும் ஒரே மெயிலில் இணைத்தேன். உங்கள் மென்பொருள் கீழே '21 எம்பி' என்று காட்டியது. எங்கள் மெயில் சேவையில் 25 எம்பி வரை அனுப்பலாம். சரி, இடம் இருக்கிறது என்று அனுப்பு பொத்தானை அழுத்தினேன். ஜன்னல் மூடிக்கொண்டது. கம்ப்யூட்டரை அணைத்துவிட்டு வீட்டுக்குக் கிளம்பினேன்.

திங்கட்கிழமை பத்தரை மணிக்கு ஏஜென்ட் போன் செய்தார். "என்ன சார், பேப்பர் எதுவும் வரலையே? பேப்பர் கொடுக்க வேண்டிய கட்-ஆஃப் நேரம் முடிஞ்சிருச்சு." "சனிக்கிழமையே அனுப்பிட்டேன் சார், உங்க மெயில நல்லா பாருங்க" என்று நான் கொஞ்சம் குரலை உயர்த்தியே சொன்னேன். அந்த வார்த்தைக்கு இன்றைக்கும் கூச்சப்படுகிறேன். மெயில் போகவே இல்லை. இடது பக்கப் பட்டியலில், மடித்து வைத்த கோப்புறைகளுக்கெல்லாம் அடியில், மங்கலான சாம்பல் நிறத்தில் 'அவுட்பாக்ஸ் 1' என்று இருந்தது, அதாவது ஒரு மெயில் இன்னும் போகாமல் கிடக்கிறது. கன்டெய்னர் அடுத்த கப்பலுக்காக ஒரு வாரம் யார்டில் கிடந்தது. வாடகை எங்கள் தலையில். முதலாளி திட்டியிருந்தால்கூடப் பரவாயில்லை. "இனிமே பாத்துக்கப்பா" என்று மட்டும் சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டார்.

காரணத்தைக் கண்டுபிடித்தது என் அக்கா பையன். ஓசூரில் கம்ப்யூட்டர் வேலை பார்க்கிறான். மெயிலில் படத்தை அப்படியே அனுப்ப முடியாதாம், எழுத்துகளாக மாற்றித்தான் அனுப்ப வேண்டுமாம். மூன்று பைட் நான்கு எழுத்தாகும். ஆக 21 எம்பி என்று நீங்கள் காட்டியது வழியில் 28 எம்பி ஆகிவிடுகிறது. மெயிலை வாங்கி அனுப்பும் சேவைக் கம்ப்யூட்டரான சர்வர் வாங்க மாட்டேன் என்று திருப்பிவிட்டது. அதில் சர்வரைக் குறை சொல்ல ஒன்றுமில்லை. 'என்னிடம் இவ்வளவுதான் பிடிக்கும்' என்று பேச்சு ஆரம்பிக்கும்போதே சர்வர் சொல்லிவிடுவதற்கு 1995-லேயே வழி செய்திருக்கிறார்கள். எங்கள் சர்வரும் சொல்லியிருக்கிறது. உங்கள் மென்பொருள் அதைக் கேட்டிருக்கிறது, நடந்ததையெல்லாம் குறித்து வைக்கும் லாக் கோப்பிலும் எழுதி வைத்திருக்கிறது. திங்கள் காலை ஒன்பதரைக்கு நான் கம்ப்யூட்டரைப் போட்டதிலிருந்து பத்து நிமிடத்துக்கு ஒரு முறை அதே மெயிலை அனுப்பிப் பார்த்து, அதே பதிலை வாங்கி, ஒவ்வொரு தடவையும் ஒழுங்காக எழுதியும் வைத்திருக்கிறது. பக்கத்தில் உட்கார்ந்திருந்த என்னிடம் மட்டும் வாய் திறக்கவில்லை.

எங்கள் வாட்ச்மேன் இப்படி இருந்தால் வேலையில் வைத்திருப்போமா? லாரி உள்ளே வரவில்லை என்றால் வந்து சொல்கிறவர்தான் வாட்ச்மேன். நோட்டில் எழுதி வைத்துவிட்டுப் பேசாமல் உட்கார்ந்திருப்பவர் இல்லை.

இதற்கு நான் கேட்பது பெரிய வேலை இல்லை. கோப்பை இணைக்கும்போது மாற்றிய பிறகு வரும் அளவைக் காட்டுங்கள். சர்வரின் எல்லையைத் தாண்டினால் அங்கேயே, அப்போதே சொல்லுங்கள். அவுட்பாக்ஸில் ஒரு மெயில் இருந்தாலும் மென்பொருளை மூடும்போது தடுத்து நிறுத்திக் கேளுங்கள். அந்தச் சாம்பல் நிறத்தையும் தயவுசெய்து மாற்றுங்கள்.

அடுத்தது தேடல். வெளிநாட்டுக் கடிதம் ஆங்கிலத்தில் போகும். தோப்புக்காரர்கள், மண்டிக்காரர்கள், லாரி ஆபீஸ், எங்கள் குடோன் எல்லாம் தமிழில்தான். போன மார்ச்சில் ஆடிட்டர் வந்து உட்கார்ந்துகொண்டு பழைய இருப்பு விவரம் கேட்டார். 'மாங்கூழ்' என்று அடித்துத் தேடினேன். 14 மெயில் வந்தது. குடோனிலிருந்து வந்ததே அறுபதுக்கு மேல் இருக்கும் என்று எனக்குத் தெரியும். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டு காத்திருந்தார்.

என்ன நடக்கிறது என்று பிறகு பொறுமையாகப் பார்த்தேன். 'மாங்கூழை இறக்கியாச்சு', 'மாங்கூழுக்கு டிரம் பத்தவில்லை' என்றுதானே மனிதர்கள் எழுதுவார்கள்? வேற்றுமை உருபு சேர்ந்தவுடன் 'ழ்' மேலே இருந்த புள்ளி போய்விடுகிறது. கம்ப்யூட்டரில் அந்தப் புள்ளி தனிக் குறி. உங்கள் தேடல் புள்ளியோடு சேர்த்துத் தேடுகிறது, புள்ளி இல்லாததை எல்லாம் வேறு சொல் என்று ஒதுக்கிவிடுகிறது. இப்போது நான் 'மாங்கூழ' என்று புள்ளியை விட்டுவிட்டு அடிக்கிறேன், எல்லாம் வருகிறது. 'ரசீது' வேண்டுமென்றால் கடைசி உகரத்தை விட்டுவிட்டு 'ரசீத'. அலுவலகத்தில் புதிதாகச் சேர்ந்த பெண்ணுக்கும் இந்த வித்தையைச் சொல்லிக் கொடுத்தேன். அந்தப் பெண் என்னை ஒரு மாதிரி பார்த்தது.

'கொள்முதல்' கதை இன்னும் மோசம். 'கொ' எழுத்தில் ஒற்றைக்கொம்பும் துணைக்காலும் சேர்ந்து ஒரே குறியாகவும் பதியலாம், இரண்டு தனிக் குறியாகவும் பதியலாம், அடிக்கிற மென்பொருளைப் பொறுத்தது. திரையில் இரண்டுக்கும் துளி வித்தியாசம் தெரியாது. எங்கள் குடோனில் அடிப்பது ஒரு விதம், அலுவலகத்தில் அடிப்பது ஒரு விதம். நான் தேடினால் குடோன் மெயில் வராது. இரண்டையும் ஒன்றாகப் பாவிக்க, கம்ப்யூட்டரில் எழுத்துகளுக்கு எண் கொடுக்கும் யூனிகோடிலேயே முறை வகுத்திருக்கிறார்கள், நீங்கள் அதைப் பயன்படுத்தினால் போதும். உருபு, விகுதியெல்லாம் புரிந்துகொண்டு தேடினால் சந்தோஷம். அது முடியாவிட்டால் போகட்டும். ஆனால் தமிழில் பாதிதான் தேடியிருக்கிறோம் என்று தெரிந்தும் 'முடிவுகள் இல்லை' என்று அடித்துச் சொல்லாதீர்கள்.

பொருள் வரியைப் பற்றியும் சொல்ல வேண்டும். 'மாங்கூழ் 80 டிரம் லோடு 3 நாளை காலை' என்று தலைப்பு போட்டு அனுப்பினால், லாரி ஆபீஸில் நடுவில் ஒரு எழுத்து உடைந்து, கறுப்புக் கட்டத்துக்குள் கேள்விக்குறியாகத் தெரிகிறது. ஒரு முறை உடைந்த இடத்துக்குப் பக்கத்தில் '3' இருந்ததால் எண்ணில்தான் ஏதோ தப்பு என்று நினைத்து அவர்கள் போன் செய்து கேட்டார்கள். நல்ல வேளை கேட்டார்கள். தமிழ்த் தலைப்பு ஆங்கில எழுத்துக் குறியீடாக மாறித் துண்டு துண்டாகப் போகிறது, ஒரு துண்டுக்கு அப்படி 75 ஆங்கில எழுத்துதான் இடம். தமிழ்க் குறி ஒவ்வொன்றும் மூன்று பைட், இடைவெளியும் எண்ணும் ஒரு பைட். உங்கள் மென்பொருள் பைட்டை எண்ணிக் கத்தியைப் போடுகிறது. எழுத்து பாதியில் வெட்டுப்படுகிறதா என்று பார்ப்பதில்லை. ஒரு எழுத்தை இரண்டு துண்டாகப் பிரிக்கக் கூடாது என்று 1996-ல் எழுதிய விதியிலேயே இருக்கிறதாம், அக்கா பையன் எடுத்துக் காட்டினான்.

கடைசி அப்டேட்டுக்குப் பிறகு மெயில் பட்டியலில் வரிகளை நெருக்கிவிட்டீர்கள். தமிழ் எழுத்தின் மேல் சுழி வெட்டுப்பட்டு 'ளி'யும் 'ளீ'யும் ஒன்றாகத் தெரிகின்றன. எனக்கு வயது 52. இதற்கு மேல் சொல்ல ஒன்றுமில்லை.

முகவரி தானாக நிரம்பும் வசதி இருக்கிறதே, அது எங்களுக்கு ஒரு வியாபாரத்தையே ஆட்டம் காண வைத்தது. எங்கள் வாடிக்கையாளர்களில் பாதிப் பேர் அரபு நாட்டுக்காரர்கள், கம்பெனிப் பெயர் 'அல்' என்றுதான் தொடங்கும். முதல் இரண்டு எழுத்தை அடித்ததும் உங்கள் மென்பொருள் ஒருவரை நீட்டியது, நானும் அவசரத்தில் என்டர் தட்டிவிட்டேன். ஒருவருக்கு டன்னுக்கு எவ்வளவு குறைத்துக் கொடுக்கிறோம் என்பது இன்னொருவர் கைக்குப் போய்விட்டது. அதற்கப்புறம் அவர் பேசிய பேச்சே வேறு. தப்பு என்னுடையது, மறுக்கவில்லை. ஆனால் யாரை முதலில் நீட்டுவது என்று உங்கள் மென்பொருள் எந்தக் கணக்கில் முடிவு செய்கிறது? 2019-ல் வேலையை விட்டுப் போனவரின் முகவரியைக்கூட இன்னும் முன்னால் காட்டுகிறது. வெளிநாட்டு வாடிக்கையாளர் ஒருவர் எங்கள் விலாசத்தில் இன்னமும் தருமபுரி மாவட்டம் என்றுதான் போடுகிறார். நாங்கள் பிரிந்து வந்தது 2004 பிப்ரவரியில். அவர் மனிதர், பழக்கம் விடாது. மென்பொருளுக்கு என்ன வந்தது? பெயரோடு முழு முகவரியையும் காட்டுங்கள், அனுப்பு அழுத்திய பிறகு ஒரு அரை நிமிடம் பிடித்து வைத்துக்கொள்ளுங்கள், மனசு மாறினால் நிறுத்திக்கொள்கிறோம். இணையத்தில் திறக்கும் மெயில்களில் இந்த வசதி எப்போதோ வந்துவிட்டது.

ஒரு நாள் கோப்புறையைச் சுருக்கும் வேலை நடந்துகொண்டிருந்தபோது கரன்ட் போய்விட்டது. யுபிஎஸ் பேட்டரி வீக், அது எங்கள் தப்பு. திரும்பத் திறந்தால் இன்பாக்ஸ் சுத்தமாகக் காலி. பல வருடக் கடிதம். உள்ளங்கை வியர்த்துவிட்டது. உண்மையில் ஒரு மெயிலும் தொலையவில்லை, எந்தக் கடிதம் எங்கே இருக்கிறது என்று குறித்து வைக்கும் அட்டவணைக் கோப்புதான் கெட்டிருந்தது. நான்கு மெனு தாண்டிப் போனால் 'கோப்புறையைச் சரிசெய்' என்று ஒரு பொத்தான் இருக்கிறது, அதை அழுத்தினால் எல்லாம் திரும்பி வந்துவிடுகிறது. காலி இன்பாக்ஸைக் காட்டுகிற அதே இடத்தில் அந்தப் பொத்தானையும் காட்டினால் என்ன? அதைக் கண்டுபிடிப்பதற்குள் எனக்கு ஒன்றரை மணி நேரம் போனது, ஒரு வேளைச் சாப்பாடும் போனது.

இவ்வளவும் சொல்லிவிட்டு ஏன் இன்னும் இதையே வைத்திருக்கிறாய் என்று நீங்கள் கேட்கலாம். மழைக்காலத்தில் எங்கள் பக்கம் இணையம் அரை நாள் இல்லாமல் போகும். அப்போதும் பழைய கடிதத்தைத் திறந்து, பதில் எழுதி வைத்து, லைன் வந்ததும் அனுப்ப முடிகிறது. எல்லாம் எங்கள் கம்ப்யூட்டரிலேயே இருக்கிறது என்பது முதலாளிக்கும் ஒரு தைரியம். மூன்று கணக்குகளை ஒரே ஜன்னலில் பார்க்கிறேன். வேறு மென்பொருளுக்கு மாறிப் பார்த்தோம், பத்து நாளில் திரும்பி வந்துவிட்டோம்.

யார்டு வாடகையை நீங்கள் திருப்பித் தர வேண்டும் என்று நான் கேட்கவில்லை, உங்கள் உரிம ஒப்பந்தத்தில் அதற்கு இடம் வைத்திருக்க மாட்டீர்கள் என்று தெரியும். அடுத்த சீசன் மே மாதக் கடைசியில் ஆரம்பிக்கிறது. அதற்குள் அவுட்பாக்ஸ் எச்சரிக்கை ஒன்றையாவது சேர்க்க முடியுமா, முடியாதா? மற்றவை மெதுவாக வரட்டும். பதிலை ஒரு ஆள் எழுத வேண்டும், தமிழில் எழுதினால் நல்லது.

லாக் கோப்பையும் உடைந்த தலைப்பின் படங்களையும் இதோடு இணைத்திருக்கிறேன். நீங்கள் காட்டும் கணக்கில் 6 எம்பி, அதாவது 8 எம்பி. இதே கடிதத்தை ஸ்பீடு போஸ்டிலும் அனுப்புகிறேன். எங்கள் போஸ்ட் ஆபீஸில் ஒரு நம்பர் போட்டுச் சீட்டு கொடுத்திருக்கிறார்கள், அது எந்த ஊரில் இருக்கிறது என்று போனிலேயே தெரிகிறது.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள வாடிக்கையாளர்,
காவேரிப்பட்டணம்.

இணைப்பு: லாக் கோப்பு 1, படங்கள் 4.