‘ஒண்ணும் பண்ணாது’ என்று சொல்லும் நாய் வளர்ப்போருக்கு ஒரு திறந்த மடல்

நாய் வளர்க்கும் நண்பர்களுக்கு,

வணக்கம்.

நம் எல்லார் வாயிலும் ஒரு பேச்சு தயாராக இருக்கிறது. நடைபாதையிலோ மாடிப்படியிலோ லிஃப்ட் வாசலிலோ யாராவது நம் நாயைக் கண்டு ஒதுங்கினால் உடனே சொல்லிவிடுகிறோம்: “பயப்படாதீங்க, ஒண்ணும் பண்ணாது.” நல்லெண்ணத்தில்தான் சொல்கிறோம். ஆனாலும் இனி அதை யாரிடமும் சொல்ல வேண்டாம் என்று கேட்டுக்கொள்ளத்தான் இந்தக் கடிதம்.

நானும் நாயோடு வாழ்கிறவள். வாசலில் என் செருப்புச் சத்தம் கேட்டதுமே உள்ளே வால் தரையில் தட் தட்டென்று அடிப்பதைக் கேட்டுக்கொண்டே சாவியைத் தேடும் சுகம் எனக்கும் தெரியும். மழையில் நனைந்த நாயின் வாடையை முகம் சுளிக்காமல் பொறுத்துக்கொள்ளும் வீடுதான் எங்களுடையதும். மணி எங்கள் வீட்டில் ஒரு ஆள். அவனைக் கேட்காமல் சோபாவில் இடம் கிடைக்காது. ஆகவே நாய் பிடிக்காத ஒருத்தி எட்ட நின்று உபதேசம் செய்வதாக நினைக்க வேண்டாம்.

நாம் அப்படிச் சொல்லும்போது கேட்கிறவர் பக்கம் சற்று நின்று பாருங்கள். சிறுவயதில் கடிபட்டவராக இருக்கலாம். தொப்புளைச் சுற்றி ஊசி போட்டுக்கொண்ட தலைமுறையைச் சேர்ந்தவராக இருக்கலாம். கையில் குழந்தையோடு வருபவராக, நாய் ஆசையாகத் தாவினால்கூட விழுந்து இடுப்பெலும்பு முறிந்துவிடக்கூடிய வயதில் இருப்பவராக இருக்கலாம். நம் நாயின் குணம் அவருக்குத் தெரியாது. தெரிந்துகொள்ள வேண்டிய கடமையும் அவருக்கு இல்லை. “ஒண்ணும் பண்ணாது” என்றதும், பயத்தை விழுங்கிக்கொண்டு நம்மைக் கடந்து போகும் வேலையை அவர் தலையில் கட்டிவிடுகிறோம். வாரைச் சுருக்கிப் பிடித்து, நாயைச் சுவர்ப் பக்கம் மாற்றிக்கொண்டு, “நீங்க முன்னாடி போங்க, நாங்க அடுத்த லிஃப்ட்ல வர்றோம்” என்று சொன்னால் அந்த வேலையை நாமே எடுத்துக்கொண்டோம் என்று பொருள். ஒரு நிமிடம் தாமதமாகும், அவ்வளவுதான்.

நாயைப் பிடிக்காதவர்கள் மனசில்லாதவர்கள் என்று நமக்குள் ஒரு பேச்சு உண்டு. எனக்கு அதில் துளியும் உடன்பாடில்லை. பயம் குணக்கேடு ஆகாது. நாய்க்குப் பயப்படுகிற எத்தனையோ பேர் கோடையில் வாசலில் தண்ணீர் வைக்கிறார்கள். நாயைக் கொஞ்சுகிற சிலர் அதை நாளெல்லாம் பால்கனியில் கட்டிப்போடுகிறார்கள்.

அடுத்து, நாயின் பக்கம். இதைத்தான் விரிவாகச் சொல்ல வேண்டியிருக்கிறது.

நாயின் சார்பில் நாம் கொடுக்கும் அந்த வாக்குறுதியை நாய் கொடுக்கவில்லை. அதற்கும் நல்ல நாள், கெட்ட நாள் உண்டு. காதுக்குள் புண், ஈறில் வீக்கம், வயதானால் மூட்டுவலி என்று எத்தனையோ இருக்கும். பெரும்பாலான நாய்கள் வலியை வெளியே காட்டிக்கொள்ளாது. நேற்று வரை தலையைத் தடவ விட்ட நாய், காது வலிக்கும் அன்றைக்கு ஒரு குழந்தையின் கை வேகமாக நெருங்கினால் என்ன செய்யும்? என்னால் சொல்ல முடியாது. உங்களாலும் சொல்ல முடியாது.

ஆனால் நாய் தன் சங்கடத்தைச் சொல்லிக்கொண்டேதான் இருக்கிறது. தூக்கமே வராத நேரத்தில் கொட்டாவி விடும். சாப்பாடு எதுவும் இல்லாதபோது உதட்டையும் மூக்கையும் நக்கும். முகத்தை வேறு பக்கம் திருப்பிக்கொள்ளும். தலையை அசைக்காமலே, வெள்ளை விழி தெரியக் கடைக்கண்ணால் பார்க்கும். திறந்திருந்த வாயை மூடிக்கொண்டு, உடம்பு விறைக்க அசையாமல் நிற்கும். இத்தனையையும் யாரும் கண்டுகொள்ளாமல் விட்ட பிறகுதான் பெரும்பாலும் உறுமல் வருகிறது. வாலாட்டினாலே சந்தோஷம்தான் என்று நம்புவதும் ஆபத்து. உடம்பெல்லாம் நெளிய, தளர்வாக ஆடும் வால் வேறு. விறைப்பாக உயர்ந்து படபடவென்று ஆடும் வால் வேறு.

உறுமியதற்காக நாயை அடிக்கிற வீடுகள் நிறைய இருக்கின்றன. தயவுசெய்து அடிக்காதீர்கள். உறுமல் நம்மைக் காப்பாற்ற வரும் எச்சரிக்கை. அடித்து அடக்கினால் உள்ளே இருக்கும் பயம் அப்படியே இருக்கும், எச்சரிக்கை மட்டும் போய்விடும். பிறகு ஒருநாள், “எந்த அறிகுறியும் இல்லாம திடீர்னு கடிச்சிடுச்சு” என்று சொல்லிக்கொண்டு நிற்போம். உறுமினால் நாயை அங்கிருந்து விலக்குங்கள், எது அதை உறுத்தியது என்று பாருங்கள், புதிதாக ஆரம்பித்த பழக்கம் என்றால் முதலில் கால்நடை மருத்துவரிடம் காட்டுங்கள்.

“நாய்க்கு நாமதான் தலைவன்னு காட்டணும்” என்று இன்னும் சில பயிற்சியாளர்கள் மல்லாக்கத் தள்ளி அமுக்கச் சொல்லித் தருகிறார்கள். இதற்குப் பின்னால் இருப்பது, ஓநாய்க் கூட்டத்தில் ஓயாத அதிகாரப் போட்டி நடக்கிறது, நாயும் அப்படித்தான் என்ற எண்ணம். அந்த எண்ணத்துக்கு வேர், 1947இல் ருடால்ஃப் ஷெங்கல் வெளியிட்ட ஆய்வு. அவர் பார்த்தது அடைத்து வைக்கப்பட்ட ஓநாய்களை. காட்டு ஓநாய்க் கூட்டம் பெரும்பாலும் தாய், தகப்பன், பிள்ளைகள் கொண்ட ஒரு குடும்பம்தான் என்று ஓநாய் ஆய்வாளர் டேவிட் மீச் 1999இல் எழுதி, தானே முன்பு பரப்பிய கருத்தைத் திருத்தினார். ஓநாய்க்கே பொருந்தாத ஒன்றை நம் வீட்டுக் கூடத்தில் படுத்திருக்கும் நாயின் மேல் ஏன் ஏற்ற வேண்டும்?

இதே வகையில் இன்னொன்று. வீட்டுக்குள் ஏதோ கிழிந்து கிடக்கிறது. நாய் காதை மடக்கி, தலையைத் தாழ்த்தி, ஓரக்கண்ணால் பார்க்கிறது. “பாரு, செஞ்ச தப்பு அதுக்கே தெரியுது” என்கிறோம். நாய்களை ஆராயும் அலெக்சாண்ட்ரா ஹொரோவிட்ஸ் 2009இல் இதைச் சோதித்துப் பார்த்தார். நாய் தப்பு செய்ததா இல்லையா என்பதற்கும் அந்த முகத்துக்கும் தொடர்பில்லை. வளர்ப்பவர் திட்டினாரா என்பதற்குத்தான் தொடர்பு இருந்தது. எந்தத் தப்பும் செய்யாமல் திட்டு வாங்கிய நாய்களிடம் அது இன்னும் கூடுதலாகவே தெரிந்தது. நம் கோபத்தைப் பார்த்துப் பயந்த முகத்தைக் குற்ற ஒப்புதலாக எடுத்துக்கொண்டு மேலும் திட்டுகிறோம். எனக்கு இது நினைக்க நினைக்க வருத்தமாக இருக்கிறது.

குட்டி வளர்ப்பவர்களுக்குத் தனியாக ஒரு வார்த்தை. ஏறக்குறைய 3 வாரத்திலிருந்து 12, 14 வாரம் வரை குட்டி உலகத்தைப் பழகிக்கொள்ளும் காலம். ஜான் பால் ஸ்காட்டும் ஜான் ஃபுல்லரும் பல ஆண்டுகள் ஆராய்ந்து 1965இல் இதை விரிவாக எழுதினார்கள். 8 வாரக் குட்டி நம் வீட்டுக்கு வரும்போதே அதில் பாதி போய்விட்டது. தடுப்பூசி முடியும் வரை தரையில் விட வேண்டாம், ஆனால் கையில் தூக்கிக்கொண்டு வெளியே போங்கள். குடை, ஹெல்மெட், தாடிக்காரர், சக்கர நாற்காலி, குழந்தையின் அழுகை எல்லாவற்றையும் தூரத்திலிருந்து, அதற்குப் பிடித்த அளவு மட்டும் காட்டுங்கள். இந்தச் சில வாரங்களில் எடுத்துக்கொள்ளும் சிரமம் பிறகு வரும் பத்துப் பன்னிரண்டு வருடத்துக்கு உதவும்.

குழந்தைகள் விஷயத்தில் மட்டும் நான் கொஞ்சமும் விட்டுக்கொடுக்க மாட்டேன். குழந்தைகளைக் கடிப்பது பெரும்பாலும் அவர்களுக்கு நன்றாகத் தெரிந்த நாய்தான். எவ்வளவு சாதுவானதாக இருந்தாலும் சின்னக் குழந்தையையும் நாயையும் தனியாக விடக்கூடாது. நாயின் கழுத்தைக் கட்டிப்பிடித்து முகத்தோடு முகம் வைத்துக் குழந்தை சிரிக்கும் படங்களைப் பார்க்கும்போது நான் முதலில் நாயின் கண்ணைத்தான் பார்க்கிறேன். அதில் பல நாய்கள் முகத்தைத் திருப்பிக்கொண்டு உதட்டை நக்கிக்கொண்டிருக்கும். சாப்பிடும்போதும் தூங்கும்போதும் நாயைத் தொடக்கூடாது, தொடும் முன் கேட்க வேண்டும், நாய் விலகிப் போனால் விட்டுவிட வேண்டும். இதை நம் வீட்டுப் பிள்ளைக்கும் விருந்தாளி வீட்டுப் பிள்ளைக்கும் சேர்த்தே சொல்லித் தர வேண்டும்.

வெறிநாய்க்கடி நோயைப் பற்றிச் சொல்லாமல் இந்தக் கடிதம் முழுமையாகாது. உலகம் முழுவதும் ஆண்டுக்கு ஏறத்தாழ 59,000 பேர் இதனால் இறக்கிறார்கள் என்பது உலகச் சுகாதார நிறுவனம் எடுத்துக்கொள்ளும் மதிப்பீடு. மனிதர்களுக்கு வருவதில் 99 சதவீதம் வரை நாய் வழியாக வருகிறது. பத்தில் நான்கு பேர் 15 வயதுக்கு உட்பட்ட பிள்ளைகள். அறிகுறி தெரிந்துவிட்டால் கிட்டத்தட்ட யாரையும் காப்பாற்ற முடியாது. அதற்கு முன் தடுத்துவிடலாம். 1885இல் லூயி பாஸ்டர் ஒரு சிறுவனுக்குத் தடுப்பூசி போட்டுக் காப்பாற்றிய காலத்திலிருந்தே தெரிந்த விஷயம் இது. ஆகவே “வீட்டை விட்டு எங்க போகுது, அதுக்கு எதுக்கு ஊசி” என்ற பேச்சை நாம் ஏற்கக்கூடாது. கடி, பல் கீறல், புண்ணின் மேல் நக்கல் எதுவானாலும் சோப்பு போட்டு ஓடும் தண்ணீரில் 15 நிமிடம் கழுவிவிட்டு உடனே மருத்துவரிடம் போக வேண்டும். கடித்தது நம் நாய் என்றால் அதை மறைக்காமல் ஒத்துக்கொண்டு, தடுப்பூசி அட்டையை நாமே கொண்டுபோய்க் கொடுத்து, கடிபட்டவரோடு மருத்துவமனைக்குப் போக வேண்டும். “நீங்க ஏன் ஓடினீங்க?” என்று அவரிடமே கேட்பது அநியாயம்.

மலம் அள்ளுவது பற்றிச் சுருக்கமாக: பையில்லாமல் வெளியே கிளம்பாதீர்கள். நாய் மலத்தில் வரும் உருளைப்புழு முட்டைகள் மண்ணில் ஆண்டுக்கணக்கில் உயிரோடு கிடக்கும். மண்ணில் விளையாடும் குழந்தையின் வயிற்றுக்குள் அவை போனால் அரிதாகக் கண்பார்வையைக்கூடக் கெடுக்கும்.

பகலெல்லாம் பூட்டிய வீட்டில் தனியாகக் குரைக்கும் நாயைப் பற்றிப் பக்கத்து வீட்டுக்காரர் சொன்னால் கோபம் வருகிறது. வரக்கூடாது. நாம் கேட்காத ஒன்றை அவர் கேட்டுக்கொண்டிருக்கிறார். நாம் போனதிலிருந்து எவ்வளவு நேரம், ஊளையா குரைப்பா, கதவைப் பிறாண்டும் சத்தம் உண்டா என்று அவரிடமே விசாரியுங்கள். தனிமைப் பதற்றம் என்பது நாய்களுக்கு உண்மையிலேயே வரும் கோளாறு. கொஞ்சம் கொஞ்சமாகப் பழக்கினால் குறையும். சில நாய்களுக்கு மருந்தும் வேண்டியிருக்கும். பல வீட்டு நாய்களுக்கு அவ்வளவுகூடத் தேவையில்லை, காலையில் அவசர அவசரமாக இழுத்துக்கொண்டு ஓடாமல் ஆசைதீர மோப்பம் பிடிக்கவிட்டாலே பாதி அமைதி வந்துவிடும். நாய்க்கு அந்த மோப்பம்தான் அன்றைய செய்தித்தாள்.

இவ்வளவு கடமையா என்று மலைக்க வேண்டாம். திரும்பக் கிடைப்பது சின்ன விஷயமும் இல்லை. நாயும் வளர்ப்பவரும் ஒருவரையொருவர் கண்ணோடு கண் பார்க்கும்போது இருவர் உடலிலும் ஆக்ஸிடோசின் கூடுகிறது என்று ஜப்பானின் அஸாபு பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2015இல் காட்டினார்கள். தாய்க்கும் பிள்ளைக்கும் இடையே சுரக்கிற அதே சுரப்பு. மனிதர் வளர்த்த ஓநாய்களிடம் அப்படி நடக்கவில்லை. 1914இல் ஜெர்மனியில் பான் நகரை ஒட்டிய ஓபர்காசலில் ஓர் ஆணும் பெண்ணும் ஒரு நாயும் புதைந்திருந்த குழி கிடைத்தது. ஏறத்தாழ 14,000 ஆண்டுப் பழமை. அந்த நாயின் பல்லைப் பிற்காலத்தில் ஆராய்ந்தவர்கள், அது குட்டியாக இருந்தபோது டிஸ்டெம்பர் என்ற கடுமையான வைரஸ் நோய் வந்து பல வாரம் படுத்திருக்க வேண்டும், யாரோ தண்ணீர் கொடுத்து, துடைத்து, சூடாக வைத்துப் பார்த்துக்கொண்டிராவிட்டால் அவ்வளவு நாள் பிழைத்திருக்காது என்று முடிவு செய்தார்கள். நோயில் கிடந்த குட்டியால் அந்த மனிதர்களுக்கு என்ன பயன் இருந்திருக்கும்? பார்த்துக்கொண்டார்கள், அவ்வளவுதான். நாமும் அந்த வரிசையில் வருகிறவர்கள்.

கடைசியாக ஒரு வேண்டுகோள். நமக்கு ஏதாவது ஆகிவிட்டால் நம் நாய் எங்கே போகும்? ஆஸ்பத்திரியில் படுக்கலாம், ஊர் மாற வேண்டி வரலாம், நாய்க்கு முன்னால் நாமே போய்விடலாம். “யாராச்சும் பார்த்துப்பாங்க” என்று விட்ட நாய்களில் பல யாரோ ஒருவர் வாசலில் கட்டப்பட்டும் தெருவில் இறக்கிவிடப்பட்டும் கிடக்கின்றன. இந்த வாரமே ஒருவரிடம் நேரில் கேளுங்கள், அவர் உண்மையாகச் சம்மதிக்கிறாரா என்று பாருங்கள். சம்மதித்தால் நாய் சாப்பிடுவது, அதற்கு ஒத்துக்கொள்ளாதது, மருந்து, பயம், மருத்துவரின் எண் எல்லாவற்றையும் ஒரு தாளில் எழுதி, தடுப்பூசி அட்டையின் நகலோடு அவர் கையில் கொடுத்துவிடுங்கள். அவ்வப்போது அவரை வீட்டுக்கு அழைத்து நாயோடு பழகவும் விடுங்கள்.

அன்புடன்,
நாய் வளர்க்கும் உங்களில் ஒருத்தி