விழுங்குவது வேறு, கொல்வது வேறு

ஆசிரியருக்கு வணக்கம்.

ஞாயிற்றுக்கிழமை அறிவியல் பக்கத்தில், 'வெள்ளணு கிருமியை விழுங்கிக் கொன்றுவிடுகிறது' என்று ஒரே வரியில் முடித்துவிட்டீர்கள். முப்பது வருஷம் ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலை பார்த்தவள் நான். அந்த வரி உறுத்துகிறது.

நியூட்ரோஃபில் என்ற வெள்ளணு, தான் விழுங்கிய கிருமியைத் தீர்த்துக்கட்ட என்.ஏ.டி.பி.எச். ஆக்சிடேஸ் என்ற நொதி வேண்டும். அதுவோ பாகம் பாகமாகப் பிரிந்து கிடக்கும்: இரண்டு புரதங்கள் அணுவின் சவ்வில், மற்றவை உள்ளிருக்கும் குழம்பான சைட்டோபிளாசத்தில். எந்நேரமும் கூடியே இருந்தால் நம் உடம்பையே அல்லவா அரித்துவிடும்!

கூட்டிவைப்பது ரசாயனச் சேதிதான். பாக்டீரியா தன் புரதங்களை ஃபார்மைல் மெத்தியோனின் என்ற அமினோ அமிலத்தில் தொடங்கிக் கட்டும். அப்படித் தொடங்கும் புரதத் துணுக்கு, வெள்ளணுவின் மேல் சேதி வாங்கும் ஏற்பியில் பட்டதும் உள்ளே கால்சியம் ஏறும். புரோட்டீன் கைனேஸ் சி என்ற நொதி கிளம்பி, சைட்டோபிளாசத்தில் இருக்கும் பி47 என்ற பாகத்தில் பாஸ்பேட்டுகளை ஒட்டும். மடங்கிக் கிடந்த பி47 விரிந்து, பி67 என்ற இன்னொரு பாகத்தையும் கூட்டிக்கொண்டு சவ்வில் போய்ச் சேரும். ரேக் என்ற புரதமும் வந்துவிட்டால், நொதி கூடிவிடும்; ஆக்சிஜன் சூப்பராக்சைடு என்ற வீரியமான வடிவமாக மாறத் தொடங்கும். அதிலிருந்து ஹைட்ரஜன் பெராக்சைடு. மைலோபெராக்சிடேஸ் என்ற இன்னொரு நொதியின் கைபட்டால், கிருமியைக் கொல்லும் ஹைப்போகுளோரஸ் அமிலம். சீழின் பச்சைச் சாயல்கூட இந்த மைலோபெராக்சிடேஸின் நிறம்தான்.

நாங்கள் இதை என்.பி.டி. என்ற சாயச் சோதனையில் கண்ணால் பார்ப்போம். ஸ்லைடில் ஒட்டிய வெள்ளணுக்களில் அந்த மஞ்சள் சாயத்தை விட்டு, ஏற்பியைத் தாண்டி நேரே கைனேஸைத் தூண்டும் பி.எம்.ஏ. என்ற ரசாயனத்தையும் சேர்த்து, 37 டிகிரியில் வைப்போம். நொதி வேலை செய்தால் அணுவுக்குள் கருநீலப் படிவு விழும்.

ஒருமுறை, ஓயாமல் சீழ்க்கட்டி வரும் சிறுவன் ஒருவனின் ஸ்லைடில் ஒரு அணுகூட நீலமாகவில்லை. சாயம் கெட்டுவிட்டதோ என்று என் விரலையே குத்தி வைத்துப் பார்த்தேன். என்னுடையது பளிச்சென்று நீலம். பிறகு அவன் அம்மாவின் ரத்தம். மைக்ராஸ்கோப்பில் தெரியும் ஒரே வட்டத்துக்குள் நீல அணுவும் வெளிறிய அணுவும் பக்கத்துப் பக்கத்தில். எண்ணினால் கிட்டத்தட்ட பாதிக்குப் பாதி. இந்த நொதியின் கோளாறான மரபணு எக்ஸ் குரோமோசோமில். பெண்ணின் ஒவ்வொரு அணுவும் இரண்டு எக்ஸில் ஒன்றைத்தானே பயன்படுத்துகிறது! மகனுக்கோ இருப்பதே ஒன்று. நாள்பட்ட கிரானுலோமா நோய் என்பார்கள். அவன் அணுக்கள் கிருமியை நன்றாகவே விழுங்கின, கொல்லத்தான் முடியவில்லை.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற ஆய்வக நுட்புநர்

பி.கு.: நியூட்ரோஃபில் என்று நீங்கள் போட்டிருந்த படம் லிம்போசைட் என்ற வேறு வகை வெள்ளணு. உட்கரு ஒரே உருண்டையாக இருந்தது. நியூட்ரோஃபிலுக்கு அது மூன்று நான்கு மடலாகப் பிரிந்திருக்கும்.